பனியைத் தொட்டால் ஒரு வேன்

ஜொகூர் பாருவில் பழைய வண்டி விற்கும் ஐயாசாமியிடம் டயருக்கு ஓசியில் காற்று அடித்துக்கொண்டு போனவன்கூடக் கிடையாது என்பார்கள். அந்த மனுஷனிடம் ஒரு முழு வேனையே தானமாகக் கேட்கப் போகிறேன் என்று நாச்சாள் சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் கண்ணையாவுக்குப் புரை ஏறிவிட்டது.

“கல்லுல நார் உரிக்கிறவங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். நீ மலையிலயே உரிக்கப் போறியாக்கும்?”

மலை என்று அவர் சொன்னது நேப்பாளத்து மலையை. குளுவாங்கில் சிறுநீரக நோயாளிகளுக்கு உதவும் சின்னச் சங்கம் ஒன்று, நிதி திரட்ட ஒரு மலைநடைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. நடப்பவர் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். தெரிந்தவர்களிடம் ‘நான் நடக்கிறேன், நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள்’ என்று கேட்டு, வருவதைச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். சங்கத்துக்கு அவசரமாக வேண்டியிருந்தது ஒரு வேன். ரெங்கம் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் இருப்பவர்களை டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர.

அந்தத் தோட்டங்களில் ஒன்றில்தான் செல்லம் இருந்தாள். நாச்சாளின் எவர்சில்வர் பாத்திரக்கடையில் பாதி ஆயுளைக் கழித்தவள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு தம்பி வீட்டோடு போய்விட்டாள். வாரத்தில் மூன்று நாள் தம்பியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து குளுவாங் போக வேண்டும். மழை பிடித்தால் பயணம் இல்லை. போன மழைக்காலத்தில் இரண்டு தடவை தவறி, உடம்பெல்லாம் நீர் கோத்து, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. அடுத்த மழைக்குள் வேன் வந்தாக வேண்டும். நாச்சாள் கணக்கில் வேறு எதுவும் இல்லை.

வியாபாரியிடம் தானம் வாங்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கொடுக்க வேண்டியிருக்கும் என்று பட்டால் கால் காசு சொல்வான். கொடுக்கவே வேண்டியிருக்காது என்று நிச்சயமாகத் தெரிந்தால் கோட்டையை எழுதிவைப்பான். நாச்சாளுக்கு இது தாய்ப்பாலோடு வந்த படிப்பு. காரை ஐயாசாமியின் வளாகத்து வாசலிலேயே நிறுத்திவிட்டு, பத்துமலைப் படியெல்லாம் ஏறி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

“அண்ணே, ஒரு நாற்காலி... கொஞ்சம் தண்ணி...”

“ஐயோ, ஆச்சி! என்ன இப்படி இரைக்குது?”

“முட்டி வலி அண்ணே. கிட்னிச் சங்கத்துக்கு வேனு வாங்க, அடுத்த மாசம் வேற இமயமலைக்கு நடக்கப் போறேன்.”

ஐயாசாமி அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். வண்டி வாங்க வந்திருந்த நாலு பேரும் பார்த்தார்கள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் ஐயாசாமிக்குக் கை தானாகவே அகலும்.

“ஆச்சி, ஒண்ணு சொல்றேன். நீங்க மட்டும் அங்க போயி, இந்தக் கையால பனியைத் தொட்டுட்டு வாங்க. அந்தா நிக்குது பாருங்க வெள்ளை வேனு, அதைச் சாவியோட தூக்கிக் கொடுக்கிறேன். வாக்குன்னா வாக்குலா!”

“பனியைத் தொட்டாப் போதுமா?”

“தொட்டாப் போதும். போட்டோ எடுத்துக் காட்டுங்க.”

தண்ணீரைக் குடித்துவிட்டு நாச்சாள் எழுந்தாள். வெளியே வந்ததும் முட்டி வலி போன இடம் தெரியவில்லை. ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் அவள் குளுவாங்கின் குனோங் லம்பாக் மலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது ஐயாசாமிக்குத் தெரியாது. அங்குள்ள குரங்குகளுக்குத்தான் தெரியும்.

கண்ணையா வேறு யோசனை சொன்னார். “எதுக்கு அவ்வளவு தூரம்? விடியக் காலையில காரு மேல படியிறதும் பனிதானே? அதைத் தொட்டுட்டு வந்து நில்லு.”

“நிறுவையில ஏமாத்தினா கடை நிக்காதுங்க. மூச்சு வாங்குறது விளம்பரம். பனி சரக்கு. சரக்கு சுத்தமா இருக்கணும்.”

சங்கத்துச் செயலாளர் சரோஜினி. குளுவாங்கில் அரசாங்க அலுவலகத்தில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்ற சிலோன்காரம்மா. மலாயும் ஆங்கிலமும் அச்சடித்தாற்போலப் பேசுவார். நாச்சாளின் கடைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறார். ஒரு நாளும் பேரம் பேசியதில்லை. சொன்ன விலைக்குச் சரி, தா. நாச்சாளுக்கு அதில் தீராத வருத்தம். எதிராளியே இல்லாமல் எப்படிச் சடுகுடு ஆடுவது?

“கொஞ்சம் குறைச்சுக் கேளுங்களேன் அக்கா. எனக்கே கை அரிக்குது.”

“சீச்சீ, சந்தைக்காரரைப் போலவோ? எனக்கு ஏலாது நாச்சாள். விலையென்றால் விலை.”

“விலையைக் கேட்டுட்டு முதுகைக் காட்டி நடங்க. வாசப்படி தாண்டுறதுக்குள்ள கூப்பிடுறேனா இல்லையா பாருங்க. முழு வியாபாரமும் அந்த வாசப்படியிலதான் இருக்கு.”

“கூப்பிடாட்டி?”

“நஷ்டம் எனக்குத்தான். அந்தத் தைரியம் வேணும்.”

பங்குனியில் எட்டுப் பேர் கிளம்பினார்கள். குளுவாங்கின் சீனர்கள், மலாய்க்காரர்கள், தமிழில் நாச்சாளும் சரோஜினியும் மட்டும். தலைமை வழிகாட்டி பெம்பா. அவருக்குத் துணை தாவா என்ற நடுவயது ஆள்; முன்பு ஜொகூர் பாருவில் பாதுகாவலர் வேலை பார்த்தவராம். மலாயில் ‘பெலான் பெலான், மேடம்’ என்று, மெதுவாக நடக்கச் சொல்லியே நாச்சாளைப் பாதி மலை ஏற்றிவிட்டார். நாச்சாளும் வழி நெடுகப் பேரம் பேசினாள். தேநீருக்குப் பேசினாள், வெந்நீருக்குப் பேசினாள், ‘இன்னும் எவ்வளவு தூரம்’ என்பதற்கும் பேசினாள். தாவா ஒரு மணி நேரம் என்றால் அரை மணி என்பாள். தாவா சிரித்துக்கொண்டே முக்கால் மணிக்கு இறங்கி வருவார். தூரம் என்னவோ குறையவில்லை.

நாலாம் நாள் கடைசி ஊரைத் தாண்டிக் கல் குடிசை ஒன்றில் தங்கினார்கள். விடிந்தால் மேலே அரை நாள் ஏற்றம், அப்புறம் பனி. முகட்டில் வெள்ளையாக அது கிடப்பது வாசலில் நின்றாலே தெரிந்தது. யாரோ சலவை வேட்டியைக் காயப் போட்டு எடுக்க மறந்த மாதிரி. நாச்சாள் அதைக் கண்ணால் எடை போட்டுக்கொண்டே தூங்கினாள்.

காலையில் சரோஜினி எழுந்திருக்கவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்திருந்தார். இரண்டு தடவை வாந்தி. பெம்பா குந்தி உட்கார்ந்து ஆங்கிலத்தில் கேட்டார், “உங்கள் பெயர் என்ன? இது எந்த இடம்?”

அச்சடித்த ஆங்கிலம் வரவில்லை. மலாயும் வரவில்லை. “ஃபைலை மேசையில வையுங்கோ. கையெழுத்து வைக்கிறன்,” என்றார் சரோஜினி, தன் வீட்டுத் தமிழில்.

“என்ன சொல்கிறார்?” பெம்பா நாச்சாளைப் பார்த்தார்.

“ஆபீசில் இருப்பதாக நினைக்கிறார்,” என்று அவள் தாவாவிடம் மலாயில் சொன்னாள்; தாவா அதைப் பெம்பாவுக்கு எடுத்துச் சொன்னார்.

உயரம் தலைக்கு ஏறிவிட்டது என்றார் பெம்பா. உடனே இறக்க வேண்டும், இறக்கினால் சரியாகிவிடும். தாவா தாங்கிக்கொண்டு போவார், மற்றவர்கள் மேலே வரலாம். ஆனால் ஒன்று. வழி நெடுக அம்மாவைப் பேச வைத்துக்கொண்டே போக வேண்டும். பேச்சு இன்னும் குழறினால் தாவாவுக்கு அந்தக் கணமே தெரிந்தாக வேண்டும்.

தாவாவுக்குத் தமிழ் தெரியாது. அந்த எட்டுப் பேரில் தமிழ் தெரிந்த இன்னொருத்தி யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பூட்ஸ் கயிற்றைக் குனிந்து கட்டினார்கள்.

நாச்சாள் முகட்டைப் பார்த்தாள். சலவை வேட்டி அங்கேயேதான் கிடந்தது. செல்லத்தின் வீங்கிய பாதம் கண்ணுக்குள் வந்து நின்றது. மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு, மோட்டார் சைக்கிளின் பின்னால் அவள். ஆறு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அரை நாள் தூரத்தில் கிடந்தன. வேன் இன்னொரு வழியாக என்றைக்காவது வரலாம்; சரோஜினிக்கு இறங்க இந்த ஒரு வழிதான்.

“வாங்கக்கா, போலாம்,” என்றாள். மலைக்கு முதுகைக் காட்டி நடந்தாள். வாழ்க்கை முழுக்க எத்தனையோ கடைகளில் இப்படித் திரும்பி நடந்திருக்கிறாள், ஒரு காதைப் பின்னால் வைத்துக்கொண்டு. இந்தத் தடவை காதை வைக்கவில்லை.

பேச வைக்க வேண்டும். எதைப் பேசுவது? தெரிந்த ஒரே தொழிலைக் கையில் எடுத்தாள்.

“அக்கா, டிபன் கேரியர் ஒண்ணு வந்திருக்கு. அஞ்சடுக்கு, நல்ல கனம். இருநூறு வெள்ளி.”

“சரி, தா.”

இதில்தான் சிக்கல். தெளிவாக இருக்கிற நாளிலும் சரோஜினி இதையேதான் சொல்வார். நோயா, குணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாச்சாள் விலையை ஏற்றினாள்.

“ரெண்டாயிரம் வெள்ளிக்கா.”

“சரி, தா.”

“தாவா! இது சரியில்லை! சீக்கிரம்!”

தாவா சரோஜினியை முதுகில் ஏற்றிக்கொண்டார். பாறையும் வேருமாகக் கிடந்த பாதையில் விறுவிறுவென இறங்கினார். நாச்சாள் பின்னாலேயே தடுக்கி விழுந்து, எழுந்து, விற்றுக்கொண்டே ஓடினாள். இட்லிப் பானை, குத்துவிளக்கு, கல்யாணச் சீருக்கு அண்டா. எல்லாவற்றுக்கும் சரி, தா. சரி, தா. ஒரு கடையில் இவ்வளவு வியாபாரம் நடந்தால் முதலாளி ஆடிப் பாடுவான். நாச்சாள் அழுதுகொண்டு விற்றாள்.

மரங்கள் தென்படத் தொடங்கின. ஆற்றுச் சத்தம் கிட்டே வந்தது. மூச்சு கொஞ்சம் லேசானது.

“அக்கா, அந்த டிபன் கேரியர். ரெண்டாயிரம்.”

தாவாவின் தோளிலிருந்து தலை நிமிர்ந்தது. “ரெண்டாயிரமோ? உனக்கென்ன விசரோ?”

நாச்சாள் நடுப்பாதையில் உட்கார்ந்துவிட்டாள். தாவா பதறித் திரும்பினார். “பாகுஸ், தாவா, பாகுஸ்!” என்று கையை ஆட்டினாள். நல்லது, ரொம்ப நல்லது. பைத்தியமா என்று தன்னைத் திட்டியதற்கு இப்படிச் சந்தோஷப்படும் பெண்ணை அவர் எந்த வாயில் காவலிலும் பார்த்திருக்க மாட்டார்.

பொழுது சாயும்போது கீழே ஒரு கிராமத்து விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். அடுப்படிப் பக்கம் போர்வைக்குள் சுருண்டு, சூப்பு குடித்துக்கொண்டிருந்த சரோஜினி திடீரென்று சொன்னார்:

“எண்பது வெள்ளி.”

“என்னக்கா?”

“அந்தக் கேரியர். எண்பதுக்குத் தந்தால் தா. இல்லாட்டி நான் அடுத்த கடைக்குப் போறன்.” சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார்.

“நில்லுங்கக்கா, நில்லுங்க!” நாச்சாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “எண்பதுக்கே எடுத்துக்கங்க. முதல் பேரம், நஷ்டமானாலும் பரவாயில்லை.”

முதுகுப் பக்கமிருந்தே குரல் வந்தது. “வேன் என்னால போச்சு, என்ன?”

“வேனு எங்க போகும்? ஐயாசாமி அண்ணன் ஒட்டடை அடிச்சு வச்சிருப்பாரு.” சொன்னாளே தவிர, கண்ணையாவுக்குப் போனில் நடந்ததைச் சொல்லிவிட்டுப் படுத்த பிறகு வெகுநேரம் கண்ணை மூடவில்லை.

காலையில் விடுதிக்காரம்மா கதவைத் திறந்தபோது வெளிச்சம் ஒரு தினுசாக இருந்தது. ஆற்றுச் சத்தம் பஞ்சுக்குள் புதைந்தது போலக் கேட்டது. நாச்சாள் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

முற்றம் வெள்ளை. வேலி வெள்ளை. விறகுக் கட்டு வெள்ளை. இன்னும் விழுந்துகொண்டிருந்தது, அவசரமே இல்லாமல், அரிசி மாவு சலிக்கிற மாதிரி. இந்த மாதத்தில் சில வருஷம் இவ்வளவு கீழேயும் இறங்கும் என்று விடுதிக்காரம்மா தோளைக் குலுக்கினாள். மேலே போனவர்களும் பத்திரமாக இறங்கிக்கொண்டிருப்பதாகத் தாவாவுக்குப் போன் வந்தது.

நாச்சாள் வாசப்படியிலேயே நின்றாள். முதுகைக் காட்டி நடந்தவளைக் கூப்பிட்டுவிட்டது மலை. கூப்பிட்டதோடு நிற்காமல் இறங்கியே வந்திருக்கிறது.

“அக்கா! எழுந்து வாங்க! கைபேசியை எடுங்க!”

குனிந்து இரண்டு கையாலும் அள்ளினாள். உள்ளங்கை சுரீர் என்றது. ஒரு கையில் பனியோடு, மறு கையில் கைபேசியை வாங்கி வீடியோவில் கூப்பிட்டாள்; ஐயாசாமி முகம் திரையில் வந்தது. பின்னால் அவர் வளாகமும், வெள்ளை வேனின் மூக்கும்.

“அலமாக்! ஆச்சியா?”

“பனி அண்ணே. இந்தக் கையால.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். “உச்சிக்குப் போகலையாமே? கண்ணையா சொன்னாரு.”

“உச்சின்னா சொன்னீங்க? பனியைத் தொட்டாப் போதும்னீங்க. நாலு பேர் கேட்டாங்க.”

“ஐஸ் பொட்டியில சுரண்டினது மாதிரி இருக்கேலா...”

கைபேசிக்குள் இன்னொரு முகம் நுழைந்தது. போர்வையும் குல்லாயுமாக, அரசாங்கக் குரலில்: “மிஸ்டர் ஐயாசாமி, நான் சாட்சி.”

ஐயாசாமி அடங்கிப் போனார். சரோஜினி வாயில் பொய் வராது என்பது ஜொகூர் முழுக்கத் தெரிந்த சங்கதி. ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் என்ன தோன்றியதோ, தொப்பை குலுங்கச் சிரித்தார்.

“அன்னிக்கு மூச்சு வாங்கினப்பவே எனக்குச் சந்தேகம்தான் ஆச்சி. சரி, வாக்குன்னா வாக்கு. வந்து சாவியை வாங்கிக்கங்க.”

“ரொம்ப நன்றி அண்ணே. அப்புறம், கொசுறு?”

“கொசுறா!”

“செல்லத்துக்குக் கால் வீங்கிக் கெடக்கு, உசரமா ஏற முடியாது. கதவுகிட்ட தாழ்வா ஒரு படி வச்சுக் கொடுங்க. ஒரே ஒரு படி.”

“ஆச்சி, முழு வேனைக் கொடுத்தவன்கிட்ட...”

நாச்சாள் கைபேசியைச் சரோஜினியிடம் கொடுத்துவிட்டு, திரைக்கு முதுகைக் காட்டிப் பனிக்குள் நடந்தாள். ஒரு காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு.

“ஆச்சி! ஆச்சி, நில்லுங்கலா!” என்றது கைபேசி.