பாட்டு வகுப்புக்குக் காவல்

பாட்டு ஆசிரியர் ஹெர் வீலாண்டின் பிடரியைப் பற்றி யாராவது கேட்டால் நான் ஒரு புத்தகமே எழுதுவேன். ஐந்து மாதம், கிழமைக்கு இரண்டு தரம், அவருடைய சோபாவின் மூலையில் இருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவந்து தடித்த பிடரி. வெயில் கொளுத்தும்போதும் அதைச் சுற்றி ஒரு பட்டுச் சால்வை. தொண்டையைப் பாதுகாக்கிறாராம். எந்தத் தொண்டையை? அதிலிருந்து ஒரு முழுப் பாட்டு வந்து நான் கேட்டதே இல்லை.

என் மகள் லவினியாவுக்கு மியூசிக்கல் பைத்தியம். பாட்டு, ஆட்டம், நடிப்பு மூன்றையும் ஒரே மேடையில் செய்கிற அந்தக் கலையைப் படிப்பிக்கிற கல்லூரிகள் ஜேர்மனியில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நூற்றுக்கணக்கானவர்கள் தேர்வுக்குப் போவார்கள், ஒரு சிறு வகுப்பு அளவுக்குத்தான் எடுப்பார்கள். இரண்டு தரம் போய் இரண்டு தரமும் எடுபடாமல் திரும்பி வந்தாள். 2006ஆம் ஆண்டு மூன்றாவது தரம்.

அதுதான் கடைசித் தரம். என் கணவர் அல்பேர்ட் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் மாற்றமாட்டார். இந்தமுறையும் சரிவராவிட்டால் வங்கியில் அவுஸ்பில்டுங், மூன்று வருட வேலைப் பயிற்சி, அதற்குப் பிறகு மேடைப் பேச்சே இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். லவினியாவும் சம்மதித்திருந்தாள். வங்கி அனுப்பிய ஒப்பந்தப் பத்திரம் அவளுடைய கையெழுத்துக்காக எங்கள் குசினி மேசையில் கிடந்தது. அவள் அந்த மேசையில் இருந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். சோற்றுக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் நின்று சாப்பிடுவாள்.

"தேர்வுக்கு வாற மற்றப் பிள்ளையள் எல்லாருக்கும் சொல்லிக்குடுக்க ஒரு கோச் இருக்கப்பா," என்றாள் ஒருநாள். "எனக்கு மட்டும்தான் ஒருத்தரும் இல்லை."

அல்பேர்ட் அடுத்த கிழமையே வீலாண்டைத் தேடிப் பிடித்தார். கூட வேலை செய்கிற போலந்துக்காரனின் மச்சாளோ யாரோ அவரிடம் படித்தவளாம். ஹம்பேர்க்கில் பெரிய மியூசிக்கல் ஒன்றில் மூன்று வருடம் கதாநாயகன் என்று அல்பேர்ட் சொன்னார். நானும் முதலில் நம்பினேன்.

முதல் நாள் மூவரும் போனோம். அல்பேர்ட் கோயிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டிருந்தார். வெறுங்கையோடு ஆசிரியர் வீட்டுக்குப் போகக்கூடாது என்று நான் முப்பது மீன் றோல்ஸ் பொரித்து ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனேன். லிப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாம் மாடி. வீலாண்ட் கதவைத் திறந்ததும் என் மகளைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார். அல்பேர்ட் பேசப் பேச ஐந்து றோல்ஸைத் தின்றார். ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "உங்கள் மகளிடம் ஏதோ இருக்கிறது."

அவள் அதுவரை வாயைத் திறக்கவே இல்லை. என்ன இருக்கிறதென்று எதை வைத்துக் கண்டுபிடித்தார், றோல்ஸை வைத்தா? ஆனால் அல்பேர்டுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருடமாக ஒரு ஜேர்மன்காரனும் எங்கள் வீட்டில் யாரைப் பற்றியும் அப்படிச் சொன்னதில்லை. மனுசன் அந்த ஒரு வரியில் விழுந்துவிட்டார்.

நான் விழவில்லை. எங்கள் ஊர் பேசாலையில், மாதா கோயில் பாடகர் குழுவில் பதினொரு வருடம் முன்வரிசையில் நின்று பாடினவள் நான். தாளம் தெரிந்தவன் யார், தாளம் போடுகிறவன் யார் என்று எனக்குத் தெரியும். அதோடு அந்த வீட்டில் பெண் வாசமே இல்லை. தனியாக இருக்கிற ஆம்பிளை, மூடின கதவு, பத்தொன்பது வயதுப் பிள்ளை. நான் நேரே கேட்டேன், வகுப்பு நேரம் நானும் இருக்கலாமா என்று.

லவினியா நிலத்தைப் பார்த்தாள். வீலாண்ட் சிரித்தார். "தாராளமாக. பார்வையாளர் இருப்பது நல்லதுதான்."

வீட்டுக்குப் போகிற ரயிலில் மகள் என்னோடு சண்டை. "அம்மா, எனக்கு என்ன ஏழு வயசே? ஒருத்தரும் இப்பிடித் தாயைக் கூட்டிக்கொண்டு போறேல்லை."

"ஒருத்தரும் போகாட்டி எனக்கென்ன. கொலோனிலை இருக்கிற உன்ரை சித்தி கேட்டால் நான் என்ன சொல்லுறது? பிள்ளையைக் கதவுக்குள்ளை விட்டிட்டு வந்தனான் எண்டே?"

ஆக, ஹோட்டலில் என் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு செவ்வாயும் வெள்ளியும் நான் காவல்.

அந்த அறையைச் சொல்லவேண்டும். பியானோ சுவரோடு ஒட்டி இருந்தது. வீலாண்ட் அதன் முன் சுவரைப் பார்த்து இருப்பார். லவினியா பியானோவுக்குப் பக்கத்தில் அறையைப் பார்த்து நிற்பாள். நான் மற்றப் பக்கத்துச் சோபாவின் மூலையில், மடியில் கைப்பையோடு. அவருடைய பிடரியை நான் படித்தது அப்படித்தான்.

ஒரு மணித்தியால வகுப்பில் முதல் கால் மணித்தியாலம் இஞ்சித் தேத்தண்ணீர். அடுத்த கால் மணித்தியாலம் ஹம்பேர்க் கதை. மூன்றாம் கிழமை உண்மை தானாகவே வெளியே வந்தது. மனுசன் கதாநாயகனே இல்லை. கதாநாயகனுக்குச் சுகமில்லாமல் போனால் ஏறுவதற்காக வைத்திருந்த ஆள். அந்தக் கதாநாயகன் மூன்று வருடத்தில் ஒருநாள்கூடத் தும்மவில்லை. இவர் திரைக்குப் பின்னால் மூன்று வருடம் இன்னொருத்தனுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது ஒரு பெருமை வேறு.

மிச்ச நேரத்தில் பாட்டு. ஒரு வரி முடியமுதல் நிறுத்துவார். "மூச்சு!" என்பார். எங்கே மூச்சு, எப்படி மூச்சு, சொல்லமாட்டார். என் பிள்ளை மூச்சை எடுப்பாள். "அது இல்லை!" என்பார். பியானோவில் இடது கை ஒரு பக்கம் போகும், வலது கை இன்னொரு பக்கம் போகும். கைபேசி அடித்தால் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவார். உலகக் கிண்ணக் கால்பந்து தொடங்கிய பிறகு ஜேர்மனி விளையாடுகிற நாளில் வகுப்பே அரைவாசிதான்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை அடித்துச் சொல்வேன். ஐந்து மாதமும் என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பிள்ளையின் படிப்பைக் குழப்பக்கூடாது என்று எல்லாவற்றையும் மனதுக்குள்ளேயே அடக்கிக்கொண்டு மரியாதையான பொம்பிளையாக இருந்தேன்.

பாட்டுகளோடு ஒரு நடிப்புத் துண்டும் தேர்வுக்குக் கொண்டுபோகவேண்டும். வீலாண்ட் ஒன்றைத் தெரிவுசெய்து கொடுத்தார். பணக்காரக் கிழவி ஒருத்தி வாடகைக்கு வீடு பார்க்க வருகிறாள். சுவர், கதவு, வீட்டுக்காரன், அவன் ஊற்றிக் கொடுக்கிற கோப்பி, ஒன்றும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காட்சி. முழுக்க இளக்காரம்.

லவினியாவுக்கு அது வரவே இல்லை. அவள் பேருந்துச் சாரதிக்கும் நன்றி சொல்லி இறங்குகிற பிள்ளை. கிழவியின் வசனத்தைச் சொன்னால் வீட்டுக்காரனிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கும். வீலாண்ட் சுவரைப் பார்த்தபடியே கத்துவார். "இளக்காரம்! இன்னும் இளக்காரம்!" கத்தினால் வருமா? சரக்கு இருந்தால் எழும்பி நின்று ஒருதரம் செய்து காட்டியிருப்பார்.

சித்திரை மாதமளவில் பிள்ளையின் குரல் தேயத் தொடங்கியது. வீட்டில் குளியலறையில் பாடும்போது கட்டடமே கேட்கும். அங்கே போய் நின்றால் சத்தம் தொண்டைக்கு மேலே வராது. இவன் என் பிள்ளையின் குரலைத் தின்கிறான் என்று அந்தப் பிடரியைப் பார்த்து மனதுக்குள் திட்டினேன்.

அந்த நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை, கட்டடத்து வாசலில் வைத்து லவினியா என் கையைப் பிடித்தாள். "அம்மா, இண்டைக்கு நீங்கள் அந்த பேக்கரியிலை இருந்து ஒரு கோப்பி குடியுங்கோவன்."

"ஏன்?"

"சும்மா."

"சும்மா எண்டால் நான் மேலை வாறன்."

அவள் என் கையை விட்டாள். எனக்கு முன்னே படியேறிப் போனாள்.

வீட்டில் அல்பேர்டிடம் சொன்னேன், "இஞ்சாருங்கோ, உந்தாளாலை ஒண்டும் ஏலாது. பிள்ளை இருந்ததையும் விட மோசமாப் பாடுறாள்."

"உமக்கு ஆரைத்தான் பிடிச்சது, றோசம்மா?" என்றார்.

ஆனி மாதம் கடைசிக் கிழமை தேர்வு, முடிவும் அன்றைக்கே. ரயிலில் நாலு மணித்தியாலம். ரயில் நிலையத்துக்கு வந்து வாழ்த்தி அனுப்புவேன் என்று சொன்ன வீலாண்ட் வரவில்லை. முக்கியமான தெர்மீன், யாரையோ சந்திக்கிற வேலை ஒன்று வந்துவிட்டதாம், எஸ்எம்எஸ் வந்தது. கீழே 'இளக்காரம்!' என்று இன்னொருதரம் எழுதியிருந்தார். நான் வாசித்துவிட்டுக் கைபேசியை மகளிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கல்லூரியின் நடைகூடத்தில் இருப்பதற்கு நீளமான வாங்குகள். குதிகால் உரசுகிற ஆட்டச் சப்பாத்தோடு பிள்ளைகள் அங்கும் இங்கும் நடந்தார்கள். தாய்மார் என்று பார்த்தால் நான் ஒருத்திதான். கடைசி ஆளாக லவினியாவைக் கூப்பிட்டதும் நானும் எழும்பினேன். கதவைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் மெதுவாகக் கையைக் காட்டினாள். "நீங்கள் இங்கேயே இருங்கள்."

கதவு மூடியது. பிள்ளையை அந்நியர்களோடு உள்ளே விட்டுவிட்டு நான் வெளியே நின்றது அந்த ஐந்து மாதத்தில் அதுதான் முதல் தடவை.

பாட்டுத் தொடங்கியது. முதல் வரியிலேயே நான் வாங்கில் இருந்துவிட்டேன். அது குளியலறைக் குரல். தேய்வு இல்லை, நடுக்கம் இல்லை. கதவு தடுக்காமல் நடைகூடம் முழுக்க வந்தது. எதிரே இருந்த பொன்னிற முடிப் பிள்ளை காதில் மாட்டியிருந்த இயர்போன் கம்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். ஐந்து மாதமாக அடைத்துக்கிடந்த குரல் இன்றைக்கு எப்படித் திறந்தது? அந்தத் தடியன் இல்லாததால்தான் என்று நினைத்தேன். எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது.

இரண்டாவது பாட்டும் முடிந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நடிப்புத் துண்டு என்று விளங்கியது. சொற்கள் கேட்கவில்லை. திடீரென்று உள்ளே சிரிப்பு. ஒருவர் இல்லை, நாலைந்து பேர். எழும்பிக் கதவடிக்குப் போனேன். என் பிள்ளையை வைத்துச் சிரிக்கிறார்களா? மறுபடி அமைதி. மறுபடி முன்னையதைவிடப் பெரிய சிரிப்பு. பிறகு யாரோ ஆம்பிளைக் குரல், "இன்னொரு தடவை, தயவுசெய்து."

அவள் வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்வை. கண் பளபளத்தது.

"என்னடி செய்தவையள்? ஏன் சிரிச்சவையள்?"

"கிழவியைச் செய்தனான். திருப்பித் திருப்பிச் செய்யச் சொன்னவையள். ஆர் சொல்லித் தந்தது எண்டு கேட்டவையள்."

"அந்தாளின்ரை பேரையோ சொன்னனீ?"

"இல்லை. அம்மா எண்டு சொன்னனான்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பதினொரு வருடம் கோயிலில் பாடின ஞானம் பிள்ளைக்குள் இறங்கியிருக்கிறது என்று நினைத்தேன். "அப்ப எனக்கும் ஒருக்கால் செய்து காட்டு," என்றேன்.

"வேண்டாம் அம்மா."

"காட்டடி."

அவள் சுற்றிவரப் பார்த்தாள். பிறகு வாங்கின் மூலையில் போய் இருந்தாள். என் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தாள். முதுகு நிமிர்ந்தது. வாயின் இடது பக்கம் மட்டும் கீழே இழுபட்டது. மூக்கு நுனி சற்றே உயர்ந்தது. கண் ஒருதரம் மேலே போய், மெல்ல மூடி, இனிச் சொல்லி வேலையில்லை என்கிற மாதிரித் திறந்தது. நாக்கின் நுனியில் ஒரு சின்ன 'ச்'. ஒரு வசனமும் பேசவில்லை.

பொன்னிற முடிப் பிள்ளை பக்கென்று சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

அது நான். வீட்டுக் கண்ணாடியில் ஒருநாளும் பார்த்திராத நான்.

"அது... அது அவனுக்கடி," என்றேன். "அந்த வீலாண்டைப் பாத்துத்தான் நான் அப்பிடி இருந்தனான். உனக்கில்லை. சத்தியமா உனக்கில்லை."

லவினியா பையை என்னிடம் திருப்பித் தந்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஆனால் அவள் ஆறுதல் சொல்கிற குரலில்தான் பேசினாள்.

"அவர் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டெல்லோ இருந்தவர், அம்மா. உங்கடை முகம் எனக்கு நேரைதான் இருந்தது. அஞ்சு மாதமும் நான் அதைப் பாத்துத்தான் பாடினனான்."

நான் பதில் சொல்லமுதல் நடைகூடத்தின் அந்தக் கோடியில் ஒரு பெண் வந்து எடுபட்டவர்களின் பெயர்த் தாளைச் சுவரில் ஒட்டினாள். எல்லாப் பிள்ளைகளும் ஓடினார்கள். லவினியாவும் ஓடினாள். தலைகளுக்கு இடையில் அவளைக் காணவில்லை. பிறகு ஒரு சத்தம் கேட்டது, வீட்டில் குளியலறையில் கேட்கிற அதே பெரிய சத்தம். அவளுடைய பெயர் இருந்தது. மேசையில் கிடக்கிற பத்திரம் இனி வேண்டியதில்லை. யார் யாரோ அவளைக் கட்டிப்பிடித்தார்கள்.

அவர்களுக்கு நடுவிலிருந்து அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வழமைபோல, பாட்டு முடிந்ததும் சோபாவின் மூலையைப் பார்ப்பாளே, அதே பார்வை. எனக்குச் சந்தோசம் தாங்க முடியவில்லை. ஆனால் என் முகம் அந்த நேரம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டேன்.