கடைசியாக நடந்தவள்

நெரிஸ் தன் அம்மாவின் பழைய சிவப்புப் பையைத் தோளில் மாட்டி, நெஞ்சுப் பட்டையை இழுத்துப் பூட்டினாள். உள்ளே அம்மாவின் சாம்பல் இருந்தது. நினைத்ததைவிடக் கனம்.

"குடு, நான் தூக்கறேன்" என்றார் கெத்தின். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வியாழக்கிழமை நடைக் குழுவை முன்னால் நின்று நடத்துகிறவர் அவர்தான்.

"வேணாம் அங்கிள். நானே தூக்கறேன். ஆனா இன்னிக்கு அம்மா முன்னாடி போகணும். எந்த குரூப் போட்டோவ எடுத்தாலும் அவங்க கடைசில ஒரு புள்ளியா நிக்கறாங்க. ஒரு நாளாவது முதல் ஆளா மலையேறட்டும்."

அம்மாவின் உயிர்த்தோழி மைர், கம்பைத் தரையில் ஊன்றிச் சிரித்தார். "போகட்டுமே. கெத்தின் முதுகையே பாத்துப் பாத்து எங்களுக்கும் அலுத்துப்போச்சு."

சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வேல்ஸில் அதை யாரும் மழைக் கணக்கில் சேர்ப்பதில்லை. குளிர்காலத் தீவனத்துக்கு வளர்ந்து நின்ற புல்வயலைத் தாண்டி, இரும்புக் கதவைத் திறந்து, ஆடுகள் மேயும் சரிவில் ஏறினார்கள். நெரிஸ் திரும்பிப் பார்க்கவே இல்லை. இத்தனை பேருக்கும் முன்னால் அம்மா போகிறாள் என்ற நினைப்பே அவளை மேலே இழுத்துக்கொண்டு போனது.

பாதி மலையில் கீழேயிருந்து நாய் குரைத்தது. கூடவே ஒரு மனிதக் குரலும்.

"மூளைய வீட்ல கழட்டி வெச்சுட்டா வந்தீங்க? வாங்கடா கீழே!"

பண்ணைக்கார இட்வல். அவருடைய ஆடுகள் முழுக்கப் புல்வயலுக்குள் இறங்கி, தீவனத்துக்கென்று வைத்திருந்ததை விருந்தாகத் தின்றுகொண்டிருந்தன. கதவு விரியத் திறந்து கிடந்தது.

எல்லோரும் இறங்கி ஓடி, கையை விரித்து, "ஹோ... ஹோ..." என்று ஆடுகளைத் திருப்பி ஏற்றினார்கள்.

"யாரு கடைசியா வந்தது?" என்றார் கெத்தின், மூச்சிரைக்க.

"நான்தான்" என்றார் ஈவான். "சாத்தலை. எப்பவும் எனக்குப் பின்னாடிதான் ஆள்..."

நெரிஸைப் பார்த்ததும் பேச்சைப் பாதியில் விட்டார்.

இட்வலின் கண் சிவப்புப் பையில் நின்றது. தொப்பியைக் கழற்றினார். "சாம்பல் தூவறது இன்னிக்குத்தானா?" என்றார், கோபம் போன குரலில். "எத்தனை வருஷமா இந்த வழியா போறீங்க, ஒருநாள்கூட இந்தக் கேட் தொறந்து கெடந்ததில்ல. கடைசியா வர்ற உங்கம்மாதான் சாத்திட்டு ரெண்டு தடவ ஆட்டிப் பாப்பாங்க. என் அடுப்படி வரைக்கும் கேக்கும். சரி, எல்லாரும் ஏறிட்டாங்கன்னு நான் டீ போடப் போவேன்."

மைர், நெரிஸின் தோளில் கை வைத்தார். "கடைசில வர்றதுன்னா பின்தங்கறதுன்னு நெனச்சுட்டியாடி? கால் பிசகினவன், மூச்சு வாங்கறவன் எல்லாரையும் அரவணைச்சுக் கூட்டிட்டு வர்ற வேலை அது. இருக்கறதுலயே திடமான ஆளத்தான் பின்னாடி நிறுத்துவோம். அவ நெனச்சிருந்தா கெத்தினுக்கு முன்னாடி உச்சில உக்காந்து டீ குடிச்சிருப்பா."

"குடிச்சிருப்பா" என்றார் கெத்தின். அவர் வாயிலிருந்து அது வந்ததும் ஈவானுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நெரிஸுக்கு அழுகை வரவில்லை. பெருமையாக இருந்தது.

"நீங்க முன்னாடி போங்க அங்கிள்" என்றாள்.

"அம்மா முன்னாடி போகணும்னியே?"

"அவங்க இடத்துலயே வரட்டும்."

ஒவ்வொருவராகக் கதவைத் தாண்டிச் சரிவில் ஏறினார்கள். மைர் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். எல்லோரும் போனபின் நெரிஸ் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். இன்னொரு தடவையும் ஆட்டினாள்.

புல்வயலின் அந்தக் கோடியில் வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த இட்வல், திரும்பாமலே தொப்பியை உயர்த்திக் காட்டினார்.