மோப்பம்

சாப்பாட்டு மேசைக்கு அடியில் அவள் முழங்காலிட்டு ஊர்ந்துகொண்டிருந்தாள். முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மூக்கை வைத்து, சுவரோரமாக இரண்டு முறை மூச்சை இழுப்பாள். நின்று, வாயை இறுக மூடி, எச்சிலை விழுங்குவாள். பிறகு அடுத்த அடி. கம்பெனியின் பெயர் போட்ட நீல மேலங்கி தரைத் தூசியைக் கூட்டிக்கொண்டே கூட வந்தது.

பின்னாலேயே வீட்டம்மா வந்தாள். ஒரு கையில் மூக்கைப் பொத்திய கைக்குட்டை, இன்னொரு கையில் வாசனை ஸ்ப்ரே. நாலடிக்கு ஒருமுறை புஸ் என்று அடித்தாள்.

"அம்மா, அதை அடிக்காதீங்க. நாத்தம் எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியாமப் போயிடும்."

"நிக்க முடியலையேம்மா! நாலு மணிக்கு வீட்டை வாங்குறவங்க பாக்க வர்றாங்க. வாசல்லயே திரும்பிப் போயிட்டாங்கன்னா?"

"ரோஜாப்பூவும் செத்த எலியும் சேர்ந்து அடிச்சா இன்னும் சீக்கிரமா போயிடுவாங்க" என்றார் கதவருகே பெட்டியோடு நின்ற அண்ணன்.

அண்ணன் அவளோடு ஜோடியாக வேலைக்கு வருகிறவர். இருபத்திரண்டு வருஷமாக எலி, கரப்பான், கரையான் என்று மருந்தடித்துக் கொன்று, கடைசியில் தன் மூக்கையும் கொன்றுவிட்டவர். 'கண்ணாடி மாட்ட ஒரு ஆணி வேணுமேன்னுதான் இந்த மூக்கை வெச்சிருக்கேன்' என்பார். செத்த எலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார்.

இந்த வீட்டில் பத்து நாளைக்கு முன்னால் கம்பெனி ஆட்கள்தான் விஷம் வைத்துவிட்டுப் போனார்கள். தின்ற எலி வீட்டுக்கு வெளியே போய்த்தான் சாகும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. எலிகள் விளம்பரம் படிப்பதில்லை. ஒன்று எங்கோ உள்ளேயே செத்து, மூன்று நாளாக வீடு முழுக்க அழுகிக்கொண்டிருந்தது. இப்படி வரும் புகார்களுக்கு அலுவலகத்தில் 'நாத்தக் கேஸ்' என்று பெயர். முன்பெல்லாம் ஒரு நாத்தக் கேஸுக்கு அரை நாள் ஆகும். அலமாரிகளைக் கழற்றிப் போட வேண்டியிருக்கும். இரண்டு மாதமாக அவள் போனால் அரை மணி நேரம்தான். சூப்பர்வைசர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். 'மூக்கை அனுப்புங்க' என்பார்.

அந்த மூக்கு எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியாது. நாள் தள்ளிப்போனதை அவள் கவனிப்பதற்கு முன்பே மூக்கு கவனித்துவிட்டது. பேருந்தில் மூன்று இருக்கை தள்ளி உட்கார்ந்திருப்பவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று தெரிந்தது. குழாய்த் தண்ணீரில் இரும்பு நாறியது. கணவனின் சோப்பு நாறியது. பாவம், அவன் வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தான், அப்போதும் நாறினான். இப்போது மூன்றாம் மாதம்.

ஆறு மாதத் தற்காலிகம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. அதற்குப் பிறகு அவள் நிரந்தரம். பிள்ளைப்பேற்றுக்குச் சம்பளத்தோடு விடுப்பு, திரும்பி வந்தால் அதே வேலை. அதற்கு முன்னால் தெரிந்துவிட்டால் அவளுக்குக் கிடைக்கப்போவது 'ஓய்வு'. அவளுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவளுக்கு அதைத்தான் கொடுத்தார்கள். உன் நல்லதுக்குத்தான், குழந்தை பிறந்ததும் வா என்றார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வந்தபோது, காவலாளி கேட்டைத் திறக்காமலே 'யாரைப் பாக்கணும்?' என்று கேட்டானாம். கணவனின் தொழிற்சாலை மூடி நான்கு மாதம் ஆகிறது. 'பத்தொன்பது நாள் பல்லைக் கடிச்சுக்க' என்று அவன் இன்று காலையிலும் சொல்லி அனுப்பியிருந்தான். பல்லைக் கடிக்கலாம், வயிற்றை என்ன செய்வது?

அண்ணனிடம் அவள் எதையும் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாதமாக விஷப் பெட்டியை அவர் அவள் கையில் கொடுப்பதில்லை. ஒருநாள் வண்டியில், சாலையைப் பார்த்தபடியே, "எங்க வீட்டுலயும் மூத்தவன் வயித்துல இருந்தப்ப இப்படித்தான், ஊர் நாத்தமெல்லாம் அவளுக்குத்தான் அடிக்கும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சமையலறையில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் தட்டில் தேங்கிய தண்ணீர் பாசி பிடித்திருந்தது. அது இல்லை. கீழ் அலமாரியின் மூலையில் ஒரு உருளைக்கிழங்கு கறுப்பாக உருகிப் பலகையோடு ஒட்டிக் கிடந்தது. அவள் குமட்டலை விழுங்கிக்கொண்டு அதைச் சுரண்டி எடுத்தாள்.

"அது நேத்து வாங்கினதுதான்" என்றாள் வீட்டம்மா.

கூடத்துக்கு வந்ததும் காற்று கனத்தது. அவள் கதவோரத்திலிருந்து ஆரம்பித்துச் சன்னல் வரை போனாள். திரும்பினாள். பெரிய சோபாவை நோக்கி ஊர்ந்தாள். வீட்டம்மா கால் வலிக்கிறது என்று அதில்தான் போய் உட்கார்ந்திருந்தாள். அவள் மூக்கு முதலில் வீட்டம்மாவின் செருப்பருகே வந்தது, பிறகு முழங்காலருகே, பிறகு இடுப்பருகே நின்றது.

"என்னம்மா இது? என்னையா மோந்து பாக்குற?"

"கொஞ்சம் எழுந்திரிங்கம்மா."

வீட்டம்மா எழுந்து விலகி நின்றாள். மோப்பம் பிடித்து வந்தவள் மெத்தையில் கன்னத்தை வைத்து ஒரே ஒரு மூச்சு இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதுக்குள்ளதான்."

"இதுக்குள்ளயா? மூணு நாளா இது மேலதானே படுத்துக்கிட்டு டீவி பாக்குறேன்!" வீட்டம்மா தன் கைகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவற்றிலும் செத்த எலி ஒட்டியிருப்பதுபோல.

அண்ணனும் அவளும் சோபாவைப் பின்பக்கமாகச் சாய்த்தார்கள். அடியில் தைத்திருந்த கறுப்புத் துணியில் ஒரு சின்னக் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. சாய்த்த வேகத்தில் கருஞ்சீரகம் கொட்டியதுபோல் எலிப்புழுக்கை தரையில் சிதறியது. கூடவே கடித்துக் குதறிய பஞ்சு, பாதி மாத்திரை அட்டை, ஒற்றைக் காலுறை.

"எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க. இங்க எலிக்கு மெத்தை போட்ட வளை" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் கத்தியை எடுத்தார்.

"ஐயோ, கிழிச்சிடாதீங்க! சோபாவோட சேர்த்துத்தான் வீட்டுக்கு விலை பேசியிருக்கோம்."

அண்ணன் வீட்டம்மாவைப் பார்த்தார். பிறகு தன் முரட்டுக் கையைப் பார்த்தார். அது அந்த ஓட்டைக்குள் போகாது. அவள் இரண்டாவது கையுறையை முதலாவதன் மேல் மாட்டினாள்; முகமூடியை ஏற்றிக்கொண்டு, முழங்கை வரை கையை உள்ளே விட்டாள்.

கம்பிச்சுருள். ஈரப் பஞ்சு. அதற்கும் அப்பால் மெத்தென்று ஒன்று. இரண்டு கையுறையைத் தாண்டியும் அந்த மென்மை விரலுக்குத் தெரிந்தது. வாலைப் பிடித்து இழுத்தாள். வாலின் தோல் மட்டும் உறைபோல் கழன்று கையோடு வந்தது. அவள் அதை அண்ணன் நீட்டிய பையில் போட்டுவிட்டு மறுபடி கையை விட்டாள். இந்த முறை உடம்பையே அள்ளிப் பிடித்தாள். ஓட்டையின் விளிம்பில் உரசியபோது உப்பியிருந்த வயிறு பொத்தென்று உடைந்தது. உள்ளே இருந்ததெல்லாம் அவள் மணிக்கட்டில் வழிந்தது. புழுக்கள் சோற்றுப் பருக்கைகளாக உதிர்ந்து தரையில் நெளிந்தன.

அவள் பிணத்தைப் பைக்குள் போட்டாள். கையுறைகளையும் உருவிப் போட்டாள். பையின் வாயை அண்ணன் கட்டும்வரை நின்றாள். அதன் பிறகுதான் ஓடினாள்.

பின்கட்டில் துணி துவைக்கும் குழாயடி. அங்கே குனிந்து நின்று ஓங்கரித்தாள். காலையில் குடித்தது வந்தது. பிறகு மஞ்சளாகக் கசப்பு வந்தது. பிறகு ஒன்றும் வராமல் வயிறு மட்டும் சுருட்டிச் சுருட்டி இழுத்தது. முதுகில் ஒரு கை தடவியது. வீட்டம்மா.

"நாத்தம்தாம்மா. ஒண்ணுமில்ல. பழகினதுதான்."

"பழகினவ எதுக்கு இப்படி எடுக்கிற? எத்தனை மாசம்?"

அவள் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

"மூணு பெத்தவகிட்டயே மறைக்கிறியா? உள்ள நீ மோந்துகிட்டு வந்தப்பவே எனக்கு லேசா சந்தேகம்தான். அடி பைத்தியக்காரி, இந்த நேரத்துல விஷத்துலயும் புழுவுலயும் கையை விடுவியா?"

"அம்மா, தயவுபண்ணி இதைக் கம்பெனியில..."

"நீ வாயைத் திறக்க வேணாம். நான் பாத்துக்கறேன்" என்றாள் வீட்டம்மா, அவள் தோளைத் தட்டி.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல மனுஷி, இவளைப் போய் மனதுக்குள் என்னவெல்லாமோ திட்டினோமே என்று வெட்கப்பட்டாள். போய் எலியின் ஈரத்தை மருந்து போட்டுத் துடைத்தாள். புழுக்கையைக் கூட்டி அள்ளினாள். ஓட்டையைத் தைத்தும் கொடுத்தாள். சோபாவை நிமிர்த்தியதும் வீட்டம்மா மெத்தைகளைத் தட்டி அடுக்கி, அரை டப்பா ஸ்ப்ரேயை அதில் காலி செய்தாள். வாங்க வருகிறவர்கள் முதலில் அதில்தான் உட்காரப்போகிறார்கள்.

வேலை முடிந்ததற்குக் கையெழுத்தும் மதிப்பீடும் வாங்க அண்ணன் கம்பெனி போனை நீட்டினார். வீட்டம்மா அதை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அங்கே போனிடம் ஏதோ நிறுத்தி நிறுத்திப் பேசுவது கேட்டது. திரும்பி வந்து, அவள் கையில் இரண்டு ஆரஞ்சுப் பழத்தைத் திணித்து, ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

வண்டியில் ஏறியதும் அவள் பழத்தை உரித்தாள். அந்த வாசம் அவளைப் புரட்டவில்லை. இரண்டு மாதத்தில் இதுதான் முதல் தடவை. இரண்டு சுளையை அண்ணனுக்குக் கொடுத்தாள். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவளிடம் கொடுத்தார்.

ஐந்து நட்சத்திரம். அதற்குக் கீழே: 'அருமையான வேலை. எலி இருந்த இடத்தை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் வாயும் வயிறுமாக இருக்கும் பெண்ணை விஷத்துக்கும் புழுவுக்கும் நடுவில் அனுப்ப உங்களுக்கு எப்படி மனசு வந்தது? பாவம், பயந்துகொண்டு வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். அவளுக்காக நான் கேட்கிறேன். உடனே ஓய்வு கொடுங்கள்.'

அவள் வாயிலிருந்த சுளையை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வண்டியைக் கிளப்பவில்லை. போன் அடித்தது. நல்ல செய்தி தாமதமாக வரும். இதற்கெல்லாம் சூப்பர்வைசருக்கு உடனே மூக்கில் வியர்த்துவிடும்.

"ஏம்மா, இப்படி ஒரு சந்தோஷமான விஷயத்தை எங்ககிட்ட மறைக்கலாமா?" என்றார். ஸ்பீக்கரில் வந்த குரலில் தேன் ஒழுகியது. "எனக்கும் பொண்ணு இருக்கும்மா. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எப்படித் தாங்குவேன்? இன்னையிலேருந்து நீ ரெஸ்ட் எடு."

"சார், பத்தொன்பது நாள்தான் சார். ஆபீஸ்ல உக்கார வைங்க. போன் எடுக்கறேன், கூட்டறேன், எதுனாலும் செய்றேன்."

"இடம் இருந்தா வைக்க மாட்டேனா? குழந்தை பொறக்கட்டும், வா. உன் இடத்தை எவன் எடுக்கப் போறான்? கோட்டு, கையுறை, முகமூடி, அடையாள அட்டை எல்லாத்தையும் அண்ணன்கிட்ட குடுத்துடு. இனிமே உனக்கு ஏதாச்சும் ஆனா கம்பெனி பேரு அடிபடக் கூடாது பாரு."

அவள் அடையாள அட்டையைக் கழற்றி அண்ணனிடம் நீட்டினாள். சூப்பர்வைசர் இன்னும் போனை வைக்கவில்லை. தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"அப்புறம்மா, ரெண்டு மணிக்கு ஒரு நாத்தக் கேஸ் இருக்கு. உன் வீட்டுக்குப் போற வழிதான். அந்த ஆளு மூணு நாளா என் உசுரை எடுக்கிறான். நீ எதையும் தொட வேணாம், மோந்து இடத்தை மட்டும் காட்டிட்டுப் போயிடு. கம்பெனி ஆளுன்னு சொல்லிக்காதே. இதைச் செஞ்சு குடு, நீ திரும்பி வர்றப்ப மேல நானே பேசறேன்."

அவள் போனின் வாயைக் கையால் பொத்தினாள். செத்த எலிக்காவது தான் நாறுவதை இனிப்பால் மூடத் தெரியாது.

"முடியாதுன்னு சொல்லிடு தங்கச்சி" என்றார் அண்ணன். "அவன் பேசமாட்டான். எவளுக்கும் பேசினதில்ல."

"தெரியும்ணே."

"பின்ன?"

"பேசிட்டான்னா?"

அண்ணன் வண்டியைக் கிளப்பினார்.

இரண்டு மணி வீட்டின் கதவைத் திறந்தவர் அண்ணனின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்துப் பார்த்து உள்ளே விட்டார். அவளைப் பார்த்து நின்றார். வீட்டில் உடுத்தும் பூப்போட்ட பருத்திச் சட்டையோடு, கையில் ஒன்றுமில்லாமல் அவள் படியில் நின்றாள்.

"இது யாரு?"

"கூட வந்திருக்காங்க" என்றார் அண்ணன்.

அவள் நடைபாதையில் முழங்காலிட்டாள். வெறும் உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றினாள். படுக்கையறைக் கதவு, புத்தக அலமாரி, மின்சாரப் பெட்டி என்று சுவரோரமாகவே போனாள். அவள் கிட்டே வரும்போதெல்லாம் அந்த மனிதர் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி நகர்ந்துகொண்டார். குளியலறைச் சுவரருகே அவள் நின்றாள். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. பலகையும் சுவரும் சேரும் இடத்தில் விரலை வைத்தாள்.

அண்ணன் பலகையை நெம்பினார். உள்ளேயிருந்து ஈக்கள் கிளம்பி அவள் முகத்தில் மோதின.

"அட, கரெக்டா கண்டுபிடிக்குதே!" என்றார் அந்த மனிதர், மூக்கைப் பொத்திய கைக்குள்ளிருந்து. "இனிமே எப்ப நாத்தம் வந்தாலும் இதையே அனுப்பச் சொல்லுங்க."

அண்ணன் ஈக்களுக்கு நடுவே கையை உள்ளே விட்டார். அவள் பழக்கத்தில் தாடைக்குக் கீழே விரலைக் கொண்டுபோனாள். இழுத்து ஏற்ற அங்கே ஒன்றும் இல்லை. பிணம் வெளியே வரும்வரை, ஒரு கையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு, இன்னொரு கையை வயிற்றின் மேல் வைத்து, அந்தச் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தாள்.