யாரிடமும் போகிற குழந்தை

கிழக்குத் தாம்பரம் கேம்ப் ரோட்டில் இருக்கும் சிட்டிபாபுவின் பெயின்ட் கடையில் அன்று சாயங்காலம் நல்ல கூட்டம். அவன் மனைவி கோகிலவாணி கல்லாவில் இருந்தாள். ஒருவருக்கு பில் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த மகள் தமிழினியைக் காணோம்.

"ஏங்க, குழந்தை எங்க?"

"உன் கிட்டதானே இருந்தா?"

டின் அடுக்குகளுக்குப் பின்னால், குடோனுக்குள், மாடிப்படிக்கு அடியில் எல்லாம் தேடினார்கள். கோகிலா செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினாள். பஸ்ஸும் பைக்கும் இடித்துக்கொண்டு போகிற நேரம். நின்றிருந்த பஸ்ஸின் சக்கரத்துக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். மருந்துக் கடை தாண்டி பஸ் ஸ்டாப் பக்கம் போனபோது எதிரே ஒரு அம்மாள் வந்தாள். சற்றுமுன் கடையில் விலை மட்டும் கேட்டுவிட்டுப் போனவள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு தமிழினி குதித்துக் குதித்து வந்தாள்.

"உங்க பொண்ணாம்மா? பின்னாலயே வந்து கையப் புடிச்சிக்கிச்சு. யாரு கூட வந்தேன்னு கேட்டா, 'உங்க வீட்டுக்குப் போலாம்'னு சொல்லுது."

கோகிலா குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டாள். தமிழினி திமிறவில்லை, பயப்படவும் இல்லை. கோகிலாவின் தோளுக்கு மேலாக அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்து டாட்டா காட்டினாள்.

தமிழினிக்கு நாலு வயது. கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து, கோகிலாவும் சிட்டிபாபுவும் அவளை ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து முறைப்படி தத்தெடுத்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இல்லத்தில் ஆயாக்கள் ஷிஃப்ட் மாறி மாறி வருவார்கள். காலையில் குளிப்பாட்டியவள் சாயங்காலம் இருக்கமாட்டாள். இன்று தூக்கி வைத்துக் கொஞ்சியவள் அடுத்த மாதம் வேலையை விட்டுப் போயிருப்பாள். வீட்டுக்கு வந்த முதல் நாளே தமிழினி எல்லார் மடியிலும் ஏறி உட்கார்ந்தாள். யார் ஊட்டினாலும் வாயைத் திறந்தாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள்.

"யாரு கிட்ட வேணா போவுது. எங்க வூட்டுப் பேரன் மாதிரி கத்தி ஊரக் கூட்டல. குடுத்து வச்சவடி நீ" என்றாள் சிட்டிபாபுவின் அக்கா ஜெயக்கொடி. அவள் வீடு அடுத்த தெருவில்.

கோகிலாவுக்கும் ஆரம்பத்தில் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடைச் சம்பவத்துக்குப் பிறகு உள்ளே ஏதோ அரிக்க ஆரம்பித்தது. கதவு சாத்தியிருக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தாள். அடுப்பில் பால் இருக்கும்போது குழந்தை என்ன செய்கிறது என்று ஓடி வந்து பார்த்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் குளிப்பாட்ட யூனிஃபார்மைக் கழற்றும்போது, தமிழினியின் முழங்காலில் தோல் பிளந்து, ரத்தம் வழிந்து சாக்ஸோடு ஒட்டிக் காய்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"எப்படிடா ஆச்சு?"

"ஸ்கூல்ல விழுந்தேன்."

"வலிக்கலையா?"

"வலிச்சிச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

தமிழினி அவளை நிமிர்ந்து பார்த்தாள். வலித்தால் ஒருவரிடம் போய்ச் சொல்லலாம் என்பது அவளுக்குத் தெரியாத விஷயம். கோகிலா மருந்து போட்டுவிட்டு, பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

தத்து கொடுத்த அமைப்பில் ஜெரூஷா என்று ஒரு கவுன்சிலர் இருந்தாள். கோகிலாவைவிட வயதில் சின்னவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எல்லார்கிட்டயும் போறான்னா, அவளுக்குன்னு சொந்தமா ஒரு ஆள் இன்னும் இல்லைன்னு அர்த்தம்க்கா. கொஞ்ச காலத்துக்கு சாப்பாடு, குளியல், தூக்கம், அடிபட்டா தடவிக் கொடுக்கறது எல்லாம் நீங்க ரெண்டு பேர் மட்டும் பண்ணுங்க. போறப்ப சொல்லிட்டுப் போங்க. சொன்ன மாதிரி வந்து நில்லுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அது அவ கையில இருக்கு."

அன்றிலிருந்து வீட்டில் புகைச்சல்தான். ஞாயிற்றுக்கிழமை வந்த ஜெயக்கொடி வழக்கம்போல் குழந்தைக்குச் சோறு ஊட்டத் தட்டை எடுத்தாள். கோகிலா தயங்கித் தயங்கித் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"நான் ஊட்டறேன் அண்ணி. கொஞ்ச நாளைக்கு நான்தான் ஊட்டணும்னு சொல்லியிருக்காங்க."

"இன்னாடி இது? எங்கூட்டுப் புள்ளையை நான் தொடக் கூடாதா? என் கையில இன்னா விஷமா கீது?"

சிட்டிபாபு நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தான். ஜெயக்கொடி சாப்பிடாமலே கிளம்பிப் போனாள். அதன்பிறகு கடைக்கு வந்தால் தம்பியிடம் மட்டும் பேசுவாள்.

கோகிலா சொன்னபடியே செய்தாள். மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால்கூட, "அம்மா மேல போறேன், இதோ வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். தினமும் குளிப்பாட்டும்போது கை காலெல்லாம் தடவி, "இன்னைக்கு எங்கயாவது வலிச்சிச்சா?" என்று கேட்டாள். தமிழினி எல்லாவற்றுக்கும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் கோகிலாவைத் தூங்கவிடவில்லை. நான் இல்லாமல் வேறு ஒருத்தி வந்து இதே இடத்தில் உட்கார்ந்து கேட்டாலும் இப்படியேதான் சிரிப்பாள் என்று தோன்றும். சிட்டிபாபு, "நீ ரொம்ப யோசிக்கிற" என்பான். அவனும்தான் கடையிலிருந்து வந்ததும் முதல் வேலையாகக் குழந்தை எங்கே என்று தேடினான்.

மழைக்காலம் வந்தது. கோகிலாவுக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. மேற்குத் தாம்பரத்தில் பல் டாக்டரைப் பார்க்கப் போகும்முன், பள்ளிக்கூட வாசலில் குழந்தையிடம், "மத்தியானம் அம்மாதான் வந்து கூட்டிட்டுப் போவேன்" என்றாள். தமிழினி தலையாட்டிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

பல்லைப் பிடுங்கி முடித்து வெளியே வந்தால் மழை கொட்டுகிறது. ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். ஏறி உட்கார்ந்த ஆட்டோ நகரவே இல்லை. சிட்டிபாபுவோ சரக்கு இறக்க நாவலூர் போயிருந்தான். பள்ளி விடுகிற நேரம் நெருங்க, வேறு வழியில்லாமல் ஜெயக்கொடிக்குப் போன் செய்தாள். வாயில் பஞ்சு, பாதி முகம் மரத்திருந்தது. அவள் குழறியதைப் புரிந்துகொண்டு ஜெயக்கொடி "போறேன், வை" என்று மட்டும் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் ஜெயக்கொடியே கூப்பிட்டாள். பின்னால் ஒரே அலறல்.

"கோகிலா, வர மாட்டேங்குதுடி! கேட்டைப் புடிச்சிக்கினு கீது. தூக்கப் போனா கடிச்சிட்டுது. ரத்தமே வந்துடுச்சி!"

அலறுவது தமிழினிதான் என்று புரியவே கோகிலாவுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. அந்தக் குரலை அவள் இதுவரை கேட்டதே இல்லை. ஆட்டோவை விட்டு இறங்கினாள். தண்ணீரில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள், நடைமேம்பாலம் ஏறி ரயில் பாதையைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் வந்தாள், கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டாள். வழி முழுக்க அந்த அலறல்தான் காதில் இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் ஜெயக்கொடி குடையைக் குழந்தைமேல் பிடித்துவிட்டுத் தான் நனைந்துகொண்டிருந்தாள். தமிழினி இரண்டு கையாலும் கேட் கம்பியைப் பிடித்திருந்தாள். கோகிலாவைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. முகம் கோணியது. கோகிலா குனிந்ததும் இரண்டு கையாலும் அவளை அடிக்க ஆரம்பித்தாள். கன்னத்தில், மார்பில், பல் பிடுங்கிய பக்கத்தில்.

"நீ வரேன்னு சொன்ன! நீ வரேன்னு சொன்ன!"

"ஆமாண்டா. ஷொன்னேன். லேட்டாயிடுச்சி" என்றாள் கோகிலா மரத்துப்போன வாயால். அடியைத் தடுக்கவில்லை. அடி ஓய்ந்ததும் தமிழினி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். கோகிலாவும் நடுரோடு என்று பார்க்காமல் அழுதாள்.

ஜெயக்கொடி கடிபட்ட மணிக்கட்டைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

"என்னைக் கண்டு பயந்து கத்தலடி அது. அம்மா எங்க, அம்மா எங்கன்னு உன்னைத்தான் கேட்டுகினே இருந்துச்சி" என்றவள், "எனக்கு ஊசி போடணுமா?" என்று கேட்டாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. சொல்லப்போனால் தொல்லை அப்புறம்தான் ஆரம்பித்தது. கோகிலா பாத்ரூமுக்குப் போனால் கதவை உடைப்பதுபோல் தட்டல். விரலில் சின்னக் கீறல் என்றாலும் வீடே அதிர அழுகை. காலையில் பள்ளிக்கூட வாசலில் புடவை முந்தானையை விடுவதே இல்லை. "நல்லாத்தானே இருந்தா, திடீர்னு ஏன் இப்படி?" என்று டீச்சர் அலுத்துக்கொண்டாள். ஒரு நாள் சிட்டிபாபு, "முன்னாடி இருந்ததே தேவலையோ?" என்று கேட்டுவிட்டு, கோகிலா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலை தமிழினியைப் பள்ளிக்கூடத்துக்குள் விட்டுவிட்டு, "அம்மா வெளியவே நிக்கறேன்" என்று அவளிடம் சொன்னபடி கோகிலா வகுப்பு ஜன்னலுக்கு எதிரே மதில் ஓரத்தில் நின்றாள். அழுத கண்ணோடு தமிழினியின் முகம் ஜன்னலில் வந்தது. கோகிலா கையசைத்தாள். முகம் மறைந்தது. சற்று நேரத்தில் திரும்ப வந்து, அம்மா இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுப் போனது. அதன்பிறகு வரவே இல்லை. உள்ளே, "அது என் கிரேயான்! குடு!" என்று தமிழினி யாரோடோ சண்டை போடுகிற சத்தம் கேட்டது.

கடையைத் திறக்க நேரமாகிவிட்டது. கோகிலா கிளம்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.