மூத்தவரின் தடம்

பெர்மெத் அடுப்புக்கு முன்னால் முழங்காலிட்டு, கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த ரோமப்பட்டைகளை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். பனிச்சறுக்குக்கட்டையின் அடியில் இவற்றை ஒட்டிக்கொண்டால்தான் மலை ஏற முடியும். ரோமம் பனியைப் பற்றிக்கொள்ளும். கட்டை பின்னால் வழுக்காது. ஈரம் இருந்தால் பசை பிடிக்காது. எல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தன. அவற்றைச் சுருட்டி வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போனாள்.

தெரெக்-சூ கிராமத்தில் குளிர்காலக் காலை அவசரப்படாது. முதலில் ஜன்னல் நீலமாகும். பிறகு அந்த நீலத்துக்குள்ளிருந்து வேலியும் வைக்கோல்போரும் குதிரையின் முதுகும் ஒவ்வொன்றாக வெளியே வரும். மலைகள் கடைசியில்தான் வரும், வருவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல.

கதவைத் திறந்துகொண்டு கெமெல் உள்ளே வந்தான். பெர்மெத்துடைய கணவனின் அண்ணன். அடுத்த வீட்டில் தனிக்குடித்தனம். மலைக்கு வரும் விருந்தாளிகளைச் சறுக்கக் கூட்டிப்போகும் வழிகாட்டி.

"கெலின், நம்ம ரொட்டிக்கடைக்காரர் எழுந்துட்டாரா? இல்ல, இன்னும் மாவு பொங்கலையா?"

உள்ளறையிலிருந்து மாரெக்கின் குரல் கேட்டது. "மாவெல்லாம் அப்பவே பொங்கியாச்சு! உங்க வீட்டு வெண்ணெயத் தின்னு வயிறும் பொங்கியாச்சு!" போலந்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறவர் மாரெக். ஒவ்வொரு குளிர்காலமும் இங்கே வந்து வந்து, இந்த ஊர்ப் பேச்சை அரைகுறையாகப் பழகிக்கொண்டவர்.

"விருந்தாளியக் கேலி பண்ணாதடா," என்றாள் கெமெலின் தாய் அனார்கான், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கெலின் என்றால் மருமகள். திருமணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் பெர்மெத்துக்கு அதுதான் பெயர். அவளும் யார் பெயரையும் சொல்வதில்லை. கணவனைவிட மூத்தவர்களின் பெயர் மருமகளின் வாயில் வரக்கூடாது. கெமெல் அவளுக்கு 'மூத்தவர்'. மூத்தவர் நடக்கும் வழியைக் குறுக்கே வெட்டுவதும் தவறு. அவன் முற்றத்தைக் கடந்தால், கையில் தண்ணீர் வாளிகளோடு அவள் நின்று, அவன் போனபிறகே நகர்வாள். அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாமியார் வழியாகத்தான். "மூத்தவர்கிட்ட சொல்லுங்கம்மா, குதிரைக்கு லாடம் தேஞ்சுபோச்சு" என்பாள். அனார்கான் சொல்வாள், கெமெல் லாடம் மாற்றுவான். யாரும் யாரையும் வருத்திக்கொள்ளாமல் இப்படியே காலம் ஓடியது. அதில் ஓர் அழகும் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

கெமெலிடம் வேலை பார்த்த உதவியாள் பிழைப்புக்காக ருஷ்யாவுக்குப் போய்விட்டான். பெர்மெத்தின் கணவனும் அங்கேதான் லாரி ஓட்டினான். மலையில் விருந்தாளிக்குப் பின்னால் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். பெர்மெத் சிறுவயதிலிருந்தே நன்றாகச் சறுக்குவாள். முன்னால் கெமெல், நடுவில் விருந்தாளி, கடைசியில் பெர்மெத் என்று ஆயிற்று. "கடைசியிலதானே வர்றா, அதுல என்ன?" என்று ஊரும் ஒத்துக்கொண்டது.

தேநீர் முடிந்தது. அனார்கான் கைகளை விரித்து, "போற வழி வெளிச்சமா இருக்கட்டும், வர்ற வழி அதைவிட வெளிச்சமா இருக்கட்டும், ஓமின்" என்று ஆசி சொன்னாள். எல்லோரும் உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டு புறப்பட்டார்கள்.

தேவதாரு மரங்களுக்கிடையே ஏறும்போது பனி மெத்தென்று இருந்தது. கட்டைகள் சரக், சரக் என்று மட்டும் பேசின. அந்த ஒலியில் மனசு தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கோ மிதந்தது. பெர்மெத் நடந்துகொண்டே தனக்குள் தொழுகை வரிகளைச் சொன்னாள். ஒரு வரிக்கு ஓரடி. கிளையிலிருந்து பனி உதிர்ந்து, விழாமல் காற்றிலேயே கரைந்தது.

காட்டைத் தாண்டி வெயில் படும் மேட்டுக்கு வந்ததும் பனி மாறிற்று. மேலே அப்பளம்போல ஓர் ஓடு. கால் வைத்தால் நொறுங்கி உள்ளே இறங்கியது. இன்னும் மேலே, காற்று அடித்து அடித்துப் பாறைபோல இறுக்கிய இடம். அதையும் தாண்டினால் மறுபடி மென்மை.

"ஒரே மலையில எத்தனை வகை மாவு!" என்று வியந்தார் மாரெக். "என் கடையில இப்படி இருந்தா ஒரு ரொட்டிகூட ஒழுங்கா வராது."

"இங்கயும் ஒழுங்கா வராது," என்று சிரித்தான் கெமெல். "ஆனா நீங்கதான் காசு குடுத்து வர்றீங்க!"

முகட்டுக்குக் கொஞ்சம் கீழே அது நடந்தது. கடைசியில் வந்த பெர்மெத்தின் கட்டைகளுக்கடியில், மலை ஒரு பெருமூச்சு விட்டது. 'ஹும்' என்று ஓர் ஆழ்ந்த ஒலி. அவளைச் சுற்றியிருந்த பனி முழுவதும் விரலளவு கீழே இறங்கி நின்றது. மேல்பனிக்கும் அடிப்பனிக்கும் பிடிப்பு இல்லை என்று மலை தானே வாய்திறந்து சொல்லும் ஒலி அது. முன்னால் போனவர்கள் காதில் காற்று இரைந்தது. அவர்களுக்குக் கேட்கவில்லை.

சொல்ல வேண்டும். ஆனால் மலையில் மாமியார் இல்லை.

"மூத்தவரே..." என்றாள். வழக்கம்போல, தரையைப் பார்த்துக்கொண்டு, மெல்ல.

காற்று ஒரு கணம் ஓய்ந்ததில் அது காதில் விழ, கெமெல் திரும்பினான். "என்ன கெலின், களைச்சுட்டியா? மாரெக், பாருங்க, எங்க வீட்டுப் பொண்ணு உங்க வயித்தையும் சேத்துச் சுமந்த மாதிரி மூச்சு வாங்குறா!"

மாரெக் வயிற்றைத் தட்டிச் சிரித்தார். பெர்மெத்தும் சிரித்தாள். "ஒண்ணுமில்ல," என்றாள்.

அந்த 'ஒண்ணுமில்ல' அவள் தொண்டையைத் தாண்டியதும் அவளுக்கே கசந்தது.

முகட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய வெண்ணிறச் சரிவு, கிண்ணம்போலக் குழிந்து கீழே போயிற்று. காற்று இரவெல்லாம் பனியைக் கொண்டுவந்து அதில் கொட்டியிருந்தது. பார்க்க அவ்வளவு வழவழப்பு. யாரோ இப்போதுதான் விரித்துவிட்டுப் போன படுக்கை விரிப்புபோல. அவர்கள் ரோமப்பட்டைகளை உரித்துச் சுருட்டிப் பையில் வைத்தார்கள்.

"நான் முதல்ல போறேன்," என்றான் கெமெல். "கீழ அந்தப் பாறைகிட்ட நின்னு கையக் காட்டினா நீங்க வாங்க. சரிதானே மாரெக்?"

"சரி," என்றார் மாரெக். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெர்மெத்தை யாரும் கேட்கவில்லை.

கெமெல் விளிம்பில் கட்டைகளைத் திருப்பி நின்றபோது, அவன் கட்டை முனையிலிருந்து தலைமுடிபோல ஒரு விரிசல் பனியில் ஓடியது. மேலே, பின்னால் நின்றவள் கண்ணுக்குத்தான் அது தெரிந்தது. அவனுக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றால் போதும். ஆனால் அது மூத்தவரின் வழி. எத்தனையோ காலைகளில் வாளியோடு நின்று பழகிய கால்கள் அன்றும் நின்றன.

கெமெல் இறங்கினான். முதல் வளைவு எழுதியதுபோல அழகாக விழுந்தது. இரண்டாவது வளைவில் சரிவு முழுவதும் கண்ணாடிபோல உடைந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. வெண்புகை எழுந்து, மெல்ல அடங்கியபோது, கீழே யாரும் இல்லை.

பனிக்கடியில் கெமெலுக்கு வலி தெரியவில்லை. எங்கும் நீலம், காலையில் ஜன்னலில் வரும் நீலம். கை எங்கே, கால் எங்கே என்று புரியவில்லை. தூங்கலாம் போலிருந்தது. தூங்குவதில் என்ன தவறு என்று தோன்றியது. அப்போது எங்கிருந்தோ யாரோ அவன் பெயரைச் சொன்னார்கள்.

"கெமெல்! கெமெல் அண்ணா!"

பெண்குரல். அம்மா இல்லை. மனைவியும் இல்லை. இந்தக் குரலில் தன் பெயரை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. யாராயிருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான். அந்தச் சின்ன ஆசைதான் அவனைத் தூங்கவிடாமல் பிடித்துவைத்தது.

பெர்மெத் கத்திக்கொண்டே இறங்கினாள். மார்பில் கட்டிய தேடுகருவியின் கீச்சொலி, புதைந்தவன் மார்பிலிருந்த கருவியை நெருங்க நெருங்க விரைந்தது. நீளக் கம்பியைக் குத்திக் குத்திப் பார்த்தாள். ஓரிடத்தில் கம்பி மெத்தென்று நின்றது. மாரெக்கும் வந்து சேர்ந்தார். இருவரும் மண்வாரியால் தோண்டினார்கள். முகம் தெரிந்ததும் பெர்மெத் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் விரலால் அவன் வாயிலும் மூக்கிலும் அடைத்திருந்த பனியை எடுத்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பிறகு ஒரு மூச்சு. பிறகு ஓர் இருமல். மாரெக் பனியில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார்.

வலதுகால் முறிந்திருந்தது. கட்டுப்போட எதுவும் போதவில்லை. தலையில் கட்டியிருந்த வெள்ளை முக்காட்டை அவிழ்த்து, மண்வாரியின் காம்பை அணைகொடுத்துக் கட்டினாள். மூத்தவர் முன் தலை திறந்து நிற்கிறோம் என்ற நினைவே அவளுக்கு வரவில்லை. வாக்கி-டாக்கியில் கூப்பிட்டதும் ஊர் ஆண்கள் குதிரைச் சறுக்குவண்டியோடு ஏறி வந்தார்கள்.

கெமெல் மருத்துவமனையிலிருந்து திரும்பியதும், உயிர் மீண்டதற்கு நன்றியாக அனார்கான் ஓர் ஆட்டை அறுத்து ஊரைக் கூப்பிட்டாள். தாழ்வான மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். கெமெல் மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் நீட்டியிருந்தான். பெர்மெத் கதவோரமாக உட்கார்ந்து தேநீர் ஊற்றினாள்.

எதிர்வீட்டுத் தூர்சுன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் அல்ல. "கெலின், பேரைச் சொல்லிக் கத்துனியாமே? முக்காடும் இல்லாமலாம்! மலைப்பக்கம் போன ஓநாயெல்லாம் வெக்கப்பட்டு ஓடிப்போச்சாம்!"

பெண்கள் சிரித்தார்கள். பெர்மெத் கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

கெமெல் சிரிக்கவில்லை. "அந்தக் குரல் கேட்டதாலதான் நான் கண்ணை மூடல," என்றான். பிறகு, நடுவில் யாரையும் வைக்காமல், நேராக அவளிடமே கேட்டான்: "கெலின், ஒண்ணு கேக்கறேன். உடையப்போறது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. பெர்மெத் தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"தெரியும். அடியில சத்தம் கேட்டுச்சு. உங்க கட்டைகிட்டேந்து விரிசல் ஓடினதையும் பாத்தேன்."

"பாத்துட்டா சும்மா நின்னே?" என்றாள் தூர்சுன். "அடிப்பாவி! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கத்தினதும் தப்புங்கறீங்க, கத்தாததும் தப்புங்கறீங்க," என்றாள் பெர்மெத். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "முன்னால வந்து நிக்கணும்னு நெனச்சேன். உங்க வழியை வெட்டக் கால் வரல அண்ணா. என்னை மன்னிச்சிடுங்க."

"நீ கூப்பிட்டே," என்றான் கெமெல். "களைச்சுட்டியான்னு கேட்டுக் கிண்டல் பண்ணினவன் நான். மன்னிப்புக் கேக்கவேண்டியது நீ இல்ல."

அதுவரை வாய்திறக்காமல் இறைச்சி பரிமாறிக்கொண்டிருந்த அனார்கான் கத்தியைக் கீழே வைத்தாள். மருமகளைத் திட்டப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"நீங்க மலைக்குப் போறதுக்கு முந்தின ராத்திரி தெக்கத்திச் சூடுகாத்து அடிச்சுது," என்றாள் அனார்கான். "விடியறதுக்கு முன்னாடி தொழ எழுந்தப்போ கூரையிலேந்து தண்ணி சொட்டுச்சு. அப்புறம் திடீர்னு உறைஞ்சுபோச்சு. இப்படி ஒரு ராத்திரிக்கு அடுத்த நாள்தான் என் மாமனார் மலையில பனி சரிஞ்சு செத்தார். அவர் போன அன்னிக்கும் கூரை சொட்டினதை நான் பாத்தேன். அப்போ நான் புதுசா வந்த கெலின். ஆம்பளைங்க பேச்சுல நமக்கென்னன்னு இருந்துட்டேன். இப்போ நான் இந்த வீட்டுக்கே மூத்தவ. இந்தத் தடவையும் வாயத் திறக்கல. ஆசி சொல்லி அனுப்பிவெச்சேன். பழகின வாய் பாரு, அது தானாவே மூடிக்குது."

அவள் குரல் உடையவில்லை. ஆனால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பெர்மெத்தைக் கைப்பிடித்து எழுப்பி, கதவோரத்திலிருந்து கூட்டிவந்து தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். இறைவன் பெரிய மாற்றங்களை இப்படிச் சின்னச் சின்ன அன்புகளின் கையில்தான் கொடுத்து அனுப்புகிறான்.

"இனி இந்த வீட்டுலேந்து மலைக்குக் கிளம்பினா, வயசுல சின்னவங்க முதல்ல பேசணும்," என்றான் கெமெல். "என்ன பாத்தாங்க, என்ன கேட்டாங்கன்னு எல்லாரும் சொன்னப்புறம்தான் நான் பேசுவேன். யாராவது ஒருத்தர் வேண்டாம்னா, போகமாட்டோம்."

"அப்போ கேட்டுடலாமே," என்றாள் அனார்கான். "கெலின், மாரெக் ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள இன்னொரு தடவ மேல போகணுங்கறார். பக்கத்து ஊர் வழிகாட்டி நாளைக்கு வர்றாராம். போகலாமா?"

எல்லோர் கண்ணும் பெர்மெத்மேல் திரும்பியது. மாரெக்கின் கண்ணும்தான், ஆசையோடு. அவள் தலையை நிமிர்த்தினாள்.

"வேண்டாம். பனி இன்னும் அடங்கல."

தூர்சுன் கிண்ணத்தை நங்கென்று வைத்தாள். "பெரியவங்க முன்னால இப்படியா பட்டுனு சொல்றது?"

"பட்டுனு சொல்லட்டும்," என்றாள் அனார்கான். "மெல்லச் சொன்னா கேக்க நமக்குக் காது இல்லன்னுதான் தெரிஞ்சுபோச்சே. வாயை அடைச்சு வாங்கற மரியாதை மரியாதை இல்ல தூர்சுன். உயிரைக் காப்பாத்தற வார்த்தை யார் வாயிலேந்து வந்தாலும், அதுக்கு நாம ஒதுங்கி நின்னு வழி விடணும். அதுதான் மரியாதை."