கவிழ்த்து வைத்த ஏழு

நான் யார் சொல்லியும் கேட்கிறவள் இல்லை. இருபத்தாறு வருடமாகத் தையல் கடை நடத்துகிறேன். கையை நீளமா வை, கழுத்தை இறக்கி வெட்டு என்று வருகிறவர்கள் ஆயிரம் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டிவிட்டு எனக்குச் சரியென்று பட்டதைத்தான் வெட்டுவேன். முக்கால்வாசிப் பேர் போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். மிச்சக் கால்வாசியில் ஒருவர் என் சம்பந்தியம்மா.

என் மகனுக்குப் பெண் கொடுத்தவர், மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். அவருக்குப் பேச்சு அளந்துதான் வரும். தொளதொளவென்று தைக்கச் சொல்லிக் கொடுத்த சட்டையை நான் கச்சிதமாகப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார். அதை அவர் போட்டு நான் பார்த்ததே இல்லை.

இந்த லட்சணத்தில் நாங்கள் இருவரும் சீட்டாட்டத்தில் ஜோடி! நூலக மாடியில் சனிக்கிழமை மத்தியானம் புதியவர்களுக்கு பிரிட்ஜ் சொல்லித் தருகிறார்கள். எதிரும் புதிருமாக உட்காரும் இரண்டு பேர் ஒரு கட்சி. முதலில் ஏலம். அதில் ஒருவர் ஆர்ட்டின், டைமன் என்று ஓர் இனத்தைச் சொன்னால், அந்த இனத்தில் தனக்குப் பலம் என்று கூட்டாளிக்குத் தெரிவிக்கிறார் என்று பொருள். வேறு எதையும் வாய் திறந்து சொல்லக்கூடாது. ஏலம் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டால் நாம் முதல் சீட்டை இறக்கி அவர்களைத் தோற்கடிக்கப் பார்க்க வேண்டும். எதை இறக்குவது என்று பலகையில் இரண்டு வரி எழுதிப் போட்டிருக்கிறார்கள். முதல் வரி, கூட்டாளி சொன்ன இனத்தை இறக்கு. இரண்டாவது, பெரிய சீட்டுகள் வரிசையாக இருந்தால் அதிலிருந்து ஆரம்பி.

என் கண்ணில் படுவது எப்போதும் இரண்டாவது வரிதான். மூன்று வாரமாக அவர் ஒன்றைச் சொல்ல, நான் என் கையில் பளபளவென்று இருந்ததை இறக்கினேன். போன வாரம் மாடிப்படியில் இறங்கும்போது சம்பந்தியம்மா நின்றார்.

"நான் சொல்றது உங்க காதுல விழறதே இல்ல. வர்ற வாரமும் இப்படித்தான்னா, நான் வேற ஜோடி பாத்துக்கறேன் சம்பந்தி."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை விட்டிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அவரைப் பிடிக்கும். வாரம் முழுக்க மிஷினோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு அந்த மூன்று மணி நேரம்தான் பண்டிகை. இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

இந்த வாரம் எங்களுக்கு எதிரே பல் டாக்டரும் அவர் தங்கையும். தங்கை டைமனில் ஆரம்பித்தார். சம்பந்தியம்மா உடனே, "ஒரு ஆர்ட்டின்" என்றார். அப்புறம் அக்காவும் தங்கையும் ஏற்றிக்கொண்டே போய், துருப்பு இல்லாமல், பதின்மூன்று சுற்றில் ஒன்பது பிடி எடுப்பதாக டாக்டர் ஏலத்தை முடித்தார். முதல் சீட்டு நான் இறக்க வேண்டும்.

என் கையைப் பார்த்தேன். ஸ்பேடில் ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, கூடவே ஒரு நாலு! அவர்களுடைய ஏஸை ஒரு தடவை வெளியே இழுத்துவிட்டால் மிச்ச நாலும் எனக்குத்தான். கிளாவர் ஏஸும் என்னிடம் இருந்தது. ஆக மொத்தம் ஐந்து பிடி, டாக்டர் அம்பேல். ஆர்ட்டினிலோ ஒரு ஏழும் ஒரு மூன்றும்தான், சோப்ளாங்கிகள்.

கட்டைவிரல் தானாகவே ஸ்பேட் ராஜாவின் மேல் போய் உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சம்பந்தியம்மா என்னைப் பார்க்கவில்லை, மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆட்டம் போனால் போகிறது, இந்த மனுஷி போய்விட்டால் சனிக்கிழமைக்கு நான் எங்கே போவேன்?

எங்கள் வகுப்பில் முதல் சீட்டைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். கூட்டாளி "கேள்வி இல்லை" என்ற பிறகுதான் திருப்பலாம். நான் வைத்தேன்.

"கேள்வி இல்ல" என்றார் சம்பந்தியம்மா, ஏற்கெனவே தோற்றுப்போன குரலில்.

திருப்பினேன். ஆர்ட்டின் ஏழு.

அவர் முகம் போன போக்கை என்னவென்று சொல்ல! சந்தோஷம் என்று நினைத்தேன். இல்லை, பேயறைந்த மாதிரி இருந்தது. டாக்டரின் தங்கை, ஏலம் எடுத்தவரின் கூட்டாளி என்ற முறையில், தன் சீட்டுகளை மேசையில் விரித்தார். அதில் ஆர்ட்டின் ஏஸும் ராணியும் இருந்தன. சம்பந்தியம்மா ஜாக்கியைப் போட, டாக்டர் ராஜாவால் அதை அமுக்கினார். அப்புறம் கேட்பானேன்? என் ஸ்பேடுகள் தலையெடுப்பதற்குள் டாக்டர் பத்துப் பிடி வாரிக்கொண்டார்.

அக்காவும் தங்கையும் டீ குடிக்க எழுந்து போனதும் நான் கேட்டேன். "ஜாக்கியை வச்சுக்கிட்டா ஆர்ட்டின் சொன்னீங்க?"

"சும்மாதான் சொன்னேன்."

"சும்மாவா?"

"நீங்க கேக்கறீங்களான்னு பாத்தேன். எப்படியும் கேக்க மாட்டீங்கன்னு தைரியம்."

அடிப்பாவி மனுஷி! எனக்கு வந்த கோபத்துக்கு மேசையைக் கவிழ்த்திருக்க வேண்டும். அதற்குப் பதில் என் ஸ்பேடுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன்னால் அடுக்கினேன். ராஜா, ராணி, ஜாக்கி, பத்து. அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயையோ! இவ்வளவையும் வச்சுக்கிட்டு ஏன் ஏழைப் போட்டீங்க?"

"நீங்க ஆர்ட்டின்னு சொன்னீங்களே."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கத்தான் ஆரம்பித்தார், பாதியில் நின்றுவிட்டது.

"எங்க வீட்டுல நான் சொல்லி யாரும் எதையும் செஞ்சதே இல்ல சம்பந்தி" என்றார். "உங்க மருமக உட்பட."

அவர் சீட்டுகளை வாரி என் பக்கம் தள்ளினார்.

"கலைச்சுப் போடுங்க. அடுத்த சனிக்கிழமை எத்தன மணிக்குக் கடைய அடைப்பீங்க? நானே வந்து கூட்டிட்டு வர்றேன்."