பன்றிகள் வராத பண்ணை

ஆமினா பீவி பயந்துகொண்டிருந்த வரை லிம் சூ காங் பண்ணைக்குள் ஒரு காட்டுப்பன்றியும் காலெடுத்து வைக்கவில்லை. பண்ணை அவளுடைய கணவர் நெய்னா முகம்மதுவினுடையது. அவர் தேக்கா சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்தவர். கொரோனாக் காலத்தில் எல்லை தாண்டி வரும் லாரிகள் தாமதமான நாள்களில், நாமே விளைவித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தீவின் வடமேற்கு மூலையில், மயானங்களைத் தாண்டி, காட்டை ஒட்டிக் கிடந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வெண்டை, பாகல், கத்தரி, மரவள்ளி போட்டார். வேலி ஓரமாகக் கறிவேப்பிலை வைத்தார். முதல் விளைச்சலில் மரவள்ளியைப் பன்றிகள் வேரோடு புரட்டித் தின்றன. குரங்குகள் கத்தரிக்காயை ஒரு கடி கடித்துவிட்டு, பிடிக்காதது போல எறிந்துவிட்டு, அடுத்ததைப் பறித்தன. மழை விட்டதும் உள்ளங்கை அளவுப் பெரிய நத்தைகள் வந்து நாற்றுகளைத் தண்டு வரை மொட்டையடித்தன. வலை கட்டினார், குரங்குகள் முடிச்சை அவிழ்த்தன. பிளாஸ்டிக் ஆந்தை வைத்தார். அதன் தலையில் மைனா உட்கார்ந்தது. ஓயாமல் தமிழ்ச் செய்தி வாசிக்கும்படி ஒரு வானொலியைக் கம்பத்தில் கட்டினார். அதையும் குரங்குகள் எடுத்துக்கொண்டு போய்விட்டன. கொஞ்ச நாள் காட்டுக்குள்ளிருந்து வானிலை அறிக்கை கேட்டுக்கொண்டிருந்தது. சட்டப்படி அனுமதி இல்லாமல் பொறி வைக்கவும் கூடாது, அடிக்கவும் கூடாது. இரண்டாவது விளைச்சலும் போனால் பண்ணையை விட்டுவிட வேண்டியதுதான் என்று நெய்னா முகம்மது வீட்டில் சொன்னார்.

அந்த இரண்டாவது விளைச்சலின்போது, தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலையில், ஆமினா பீவி பாகற்பந்தலின் அடியில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். ரோவல் ரோட்டு அடுக்குமாடி வீட்டில் பதினோராவது மாடியில் வாழ்ந்தவள். கடைக்கு ஒத்தாசையாகத்தான் பண்ணைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். காட்டிலிருந்து ஒரு தாய்ப்பன்றி குட்டிகளோடு வெளியே வந்து, பாத்தியின் நடுவில் நின்று, அவளைப் பார்த்தது. அந்தப் பிராணியின் பெயரைக்கூட அவள் வாயால் சொல்வதில்லை. ‘அது’ என்றுதான் சொல்வாள். கத்த நினைத்தாள், சத்தம் வரவில்லை. அப்போது பயம் அவளுடைய உள்ளங்கையிலிருந்தும் பிடரியிலிருந்தும் வெளியேறியது. ஈரக்காற்றைப் போலத் தரையோடு பரவி, கடைசிப் பாத்தி வரை போய், வேலியில் நின்றது. அது பட்டதும் தாய்ப்பன்றியின் முன்னங்கால்கள் மடிந்தன. எழுந்து, தன் குட்டிகளையே இடறித் தள்ளிக்கொண்டு ஓடியது. மரத்திலிருந்த குரங்குகள் பொத்துப் பொத்தென்று கீழே விழுந்து, அதே திசையில் ஓடின. அதற்குப் பிறகு அந்த வாரம் முழுவதும் பண்ணைக்குள் எதுவும் வரவில்லை.

தன் உடம்பிலிருந்து ஏதோ போய் வேலியைத் தொட்டது ஆமினா பீவிக்குத் தெரியும். ஆனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பன்றியிடம் மாட்டிக்கொண்ட கதையைச் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அதில் சிரிப்பு வந்தது. ஒரு கல்யாண விருந்தில், தான் நின்ற நிலையை நடித்தே காட்டினாள். அவள் சிரித்த அன்று பண்ணைக்கு மைனாக்கள் திரும்பின. மறுநாள் நத்தைகள் வந்தன. நெய்னா முகம்மது அவளுடைய பயத்தையும் பண்ணையின் அமைதியையும் சேர்த்துப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. மனைவி மீது கைநீட்டியதில்லை, குரலை உயர்த்தியதுகூட இல்லை. காற்றாட இருக்கும் என்று சொல்லி மாலை வேளைகளில் அவளைப் பண்ணைக்குக் கூட்டிப்போய்க் காட்டோரமாக நிற்க வைத்தார். முதல் சில நாள்கள் பயம் வந்தது. பிறகு அந்த இடம் அவளுக்குப் பழகிவிட்டது. மரவள்ளியில் மறுபடியும் மூக்குத் தடம் விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவர்களுடைய ஒரே மகன் ரய்யானை, கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் இருந்தவனை, புரூணைக் காட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கைப்பேசிக்கு அங்கே அனுமதி இல்லை. பாம்பு, வெள்ளம், வழி தப்புதல் என்று ஆமினா பீவி கண்ணை மூடினால் ஏதாவது ஒன்று வந்தது. பண்ணையைச் சுற்றிப் பயம் சுவரைப் போல எழுந்து நின்றது. வேலைக்கு வந்த ஆள்கள் கறிவேப்பிலை வரிசையைத் தாண்டும்போது கையில் மயிர் சிலிர்ப்பதாகச் சொன்னார்கள். பன்றி, குரங்கு, நத்தை எதுவும் இல்லை. தேனீயும் வரவில்லை. நெய்னா முகம்மது ஒரு தூரிகையை வாங்கி, பாகற்பூக்களுக்கு மகரந்தத்தைத் தானே தொட்டு வைத்தார். ஒரு நாள் அவர் வேனை ஓட்டிக்கொண்டிருக்கும்போது முகாம் தொலைபேசியிலிருந்து ரய்யான் அழைத்தான்.

“அத்தா, நான் நல்லாத்தான் இருக்கேன். அம்மாகிட்ட சொல்லிடுங்க. நான் பேசினா அழுவாங்க, அப்புறம் எனக்கும் ஒரு மாதிரி ஆயிடும் லா.”

சொல்ல வேண்டும் என்றுதான் அவர் பண்ணைக்கு வந்தார். வேனை நிறுத்தி இறங்கியதும், ஓர் ஓட்டைகூட இல்லாத வெண்டை இலைகள் வரிசை வரிசையாக வெயிலில் விரிந்திருப்பதைப் பார்த்தார். கொட்டகையின் நிழலில் ஆமினா பீவி கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பிள்ளைகிட்டேர்ந்து ஏதாவது சேதி வந்துச்சாங்க?”

“இல்ல,” என்றார் அவர். அந்த ஒரு சொல் சொன்னதும் பண்ணைக் காற்று இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது அவருக்குத் தெரிந்தது. அடுத்த முறை மகன் பேசியபோதும் அப்படியே சொன்னார். அவள் அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். தேநீர் ஆற்றிக் கொடுத்தார். “கேம்ப்ல விசாரிச்சேன், காட்டுக்குள்ள லைனே இல்லையாம்” என்றார். பயிற்சி நீண்டுகொண்டே போயிற்று.

அந்த விளைச்சலைப் போல அதற்கு முன்னும் பின்னும் தேக்காவில் யாரும் பார்த்ததில்லை. கத்தரிக்காய்கள் கண்ணாடி போல மினுங்கின. வெளியூர்க் காயைவிடக் கூடுதல் விலை வைத்தும் மதியத்துக்குள் கூடைகள் காலியாயின. ஆனால் அதைச் சமைத்துச் சாப்பிட்ட வீடுகளில் கதவைப் பூட்டியவர்கள் எழுந்து வந்து மறுபடியும் பூட்டிப் பார்த்தார்கள். வளர்ந்த பிள்ளைகள் தலையணையைத் தூக்கிக்கொண்டு அம்மா அப்பாவுக்கு நடுவில் வந்து படுத்தார்கள். ரேஸ் கோர்ஸ் ரோட்டு உணவகம் ஒன்றில் அந்த வெண்டைக்காய்க் கறி சாப்பிட்ட பேருந்து ஓட்டுநர் ஒருவர் பச்சை விளக்கு எரிந்தும் வண்டியை எடுக்க மறுத்து, சிராங்கூன் சாலையை வெகுநேரம் அடைத்துவிட்டார். பக்கத்துக் கடையில் மாலை கட்டும் ஷங்கர் ஒரு நாள் கேட்டே விட்டார்.

“பாய், உங்க காய் செம பிரெஷ்தான், குறை சொல்லல. ஆனா சாப்பிட்டா நெஞ்சு ஏன் இப்படிப் படபடன்னு அடிக்குது? என் வைஃப் இப்ப லிஃப்ட்லயே ஏற மாட்டேங்கிறா லா.”

நெய்னா முகம்மது சிரித்து மழுப்பினார். அவர் வீட்டிலும் அதே காய்தான் வெந்தது. தட்டில் சோற்றைப் பிசையும்போது எதிரே உட்கார்ந்திருந்த மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்கு நடுக்கமாக இருந்தது. ஆமினா பீவியோ தன் பயத்தைத் தானே தின்று அதை இரட்டிப்பாக்கிக்கொண்டிருந்தாள். எடை குறைந்தாள். மோதிரம் விரலில் நிற்காமல் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையிலும் அவர் நினைத்தார். கத்தரி இன்னும் ஒரு பறிப்பு இருக்கிறதே என்றும் நினைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில் அவர் டன்லப் ஸ்திரீட் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தார். கைப்பேசியை அமைதியாக்கி வைத்திருந்தார். அத்தா எடுக்கவில்லை என்று ரய்யான் அம்மாவை அழைத்தான். பண்ணையில் வெண்டை பறித்துக்கொண்டிருந்தவள் அவன் குரலைக் கேட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“உயிரோட இருக்கியாப்பா?”

“என்னம்மா இது! அத்தா சொல்லலையா? நான் வாராவாரம் பேசிட்டுத்தானே இருக்கேன். நீங்க தூங்குறீங்க, தொழுறீங்கன்னு சொன்னாங்களே.”

அவள் கையிலிருந்த வெண்டைக்காய்களை மண்ணில் வைத்தாள். பிறகு, “சொன்னாங்க, சொன்னாங்க. உன் குரலக் கேட்டதும் அம்மாவுக்கு எதுவும் ஓடல. நல்லாச் சாப்பிடு” என்றாள். கைப்பேசியை வைத்ததும் மகனைப் பற்றிய பயம் அவளை விட்டு இறங்கியது. முதலில் ஒரு தேனீ வந்தது. அடுத்து மைனாக்கள் வந்தன. ஆனால் ஆமினா பீவி எழுந்திருக்கவில்லை. முதுகைத் தடவிய கையை நினைத்துப் பார்த்தாள். தேநீரை ஆற்றியபடி, அவள் எவ்வளவு அழுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்த கண்ணை நினைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து தினமும் பார்த்த முகம் அது. இப்போது அது யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிடரி சில்லிட்டது. உள்ளங்கை வழியாக வேறொரு பயம் வெளியேறித் தரையோடு போய் வேலியில் நின்றது. மைனாக்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

மாலையில் நெய்னா முகம்மது வேனில் வந்து வாசலில் இறங்கினார். ஒரு காலை உள்ளே வைத்தார். முழங்கால் மடிந்து, உடம்பெல்லாம் வேர்த்து, மூச்சு நின்றுவிடும் போல ஆகிவிட்டது. பின்வாங்கியதும் சரியாயிற்று. இன்னொரு முறை வைத்தார், அதே கதை.

“ஆமினா, கேட்டத் தொற!” என்று வெளியிலிருந்து கூப்பிட்டார்.

“தொறந்துதான் இருக்கு,” என்றாள் அவள் கொட்டகையிலிருந்து. “ரய்யான் பேசினான்.”

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். காட்டிலிருந்து ஒரு தாய்ப்பன்றி குட்டிகளோடு வந்து, அவர் காலருகே உரசுவது போல நடந்து, திறந்திருந்த வாசல் வழியாக உள்ளே போய் மரவள்ளியைத் தோண்டத் தொடங்கியது.

வீட்டிலும் அப்படித்தான் ஆயிற்று. பதினோராவது மாடியில் மின்தூக்கி திறந்தால் அவரால் வெளியே வர முடியவில்லை. தேக்காவில் கடைக்குப் பின்னாலிருந்த சரக்கறையில் பாய் போட்டுக்கொண்டார். பயிற்சி முடிந்து வந்த ரய்யான் நடந்ததை அறிந்து கொஞ்ச காலம் அத்தாவோடு பேசாமல் இருந்தான், பிறகு பேசினான். உறவினர்கள் வந்து சமாதானம் சொன்னார்கள். அவர்களால் வாசலைத் தாராளமாகத் தாண்ட முடிந்தது. நெய்னா முகம்மது பண்ணை வேலிக்கு வெளியே நின்று அழுது மன்னிப்புக் கேட்டார். நடிப்பில்லாத அழுகை அது. ஆமினா பீவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மன்னிச்சுட்டேங்க. அல்லா மேல ஆணையா மன்னிச்சுட்டேன். ஆனா இது என் கையில இல்லையே.”

அதில் பொய் இல்லை. அவளே அவரை நோக்கி நடந்து பார்த்தாள். அவள் வர வர அவர் பின்னால் போக வேண்டியிருந்தது. சாலையின் மறுபக்கம் வரை போய்ப் பேருந்து நிறுத்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்குமேல் அவள் வரவில்லை.

ஆண்டுகள் போயின. பண்ணையை ஆமினா பீவி நடத்தினாள். காய்க்கூடைகளை வாசலில் வைத்துவிட்டு அவள் கொட்டகைக்குத் திரும்பியதும், அவர் வந்து வேனில் ஏற்றித் தேக்காவுக்குக் கொண்டுபோவார். விலங்குகளுக்குத் தடையில்லாமல் போனதால் யாராவது விரட்டித்தான் ஆக வேண்டும். அந்த வேலையை நெய்னா முகம்மது எடுத்துக்கொண்டார். கடை முடிந்ததும் வந்து, மூங்கில் கழியும் தகரமுமாக வேலிக்கு வெளியே காட்டுப் பக்கமாக நிற்பார். அவருக்கும் பன்றியென்றால் உயிர் போகும் பயம்தான். ஆனால் அவருடைய பயத்துக்கு ஒரு மைனாகூட அசையவில்லை. தொண்டை கட்டும் வரை கத்த வேண்டியிருந்தது. ஒரு முறை ஆண்பன்றி ஒன்று தொடையைக் கிழித்துவிட்டது. தையல் போட்டுக்கொண்டு, பன்றி பட்டதற்காக மார்க்க முறைப்படி மண் கலந்த நீரால் கழுவிச் சுத்தமாகி, நடுங்கிக்கொண்டே மறுபடியும் வந்து நின்றார். அவ்வழியே போகும் பேருந்து ஓட்டுநர்களுக்கு அவரைப் பார்ப்பது பழகிவிட்டது. பண்ணைகளைச் சோதிக்க வந்த அதிகாரி, வேலிக்கு வெளியே இருப்பவர் யார் என்று கேட்டார். “என் வீட்டுக்காரர்” என்று ஆமினா பீவி சொன்னாள்.

பிறகு ஒரு ஜூலையில் ஆமினா பீவி டெங்குவில் விழுந்தாள். அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது பயமும் கூடவே போயிற்று. நெய்னா முகம்மது அவள் இருந்த தளத்துக்குப் போக முயன்று, மின்தூக்கிக் கதவருகிலேயே மடங்கி விழுந்தார். தாதியர் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கீழே தள்ளிக்கொண்டு வந்தார்கள். ரத்த அணுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. என்ன ஆயிற்று என்று அவர் கேட்டபோதெல்லாம் ரய்யான் கேட்ட உடனே சொன்னான். நல்லதையும் சொன்னான், கெட்டதையும் சொன்னான். அந்த நாள்களில் பண்ணையில் அவரைத் தடுப்பதற்கு எதுவும் இல்லை. உள்ளே போனார். பாகற்கொடி அவர் நினைத்ததைவிட உயரமாகப் படர்ந்திருந்தது. நத்தைகளைக் கையால் பொறுக்கினார். வாடிய பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டார். கொட்டகையில் அவளுடைய செருப்பு கிடந்த இடத்தில் அவர் உட்காரவில்லை.

அவள் பிழைத்துவிட்டாள் என்று ரய்யான் சொன்னான். அவளைப் பண்ணைக்கு அழைத்துவரும் நாளையும் சொன்னான். அன்று காலையில் நெய்னா முகம்மது கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக் குழாயைச் சுருட்டி வைத்தார். மகனுடைய கார் சாலை முனையில் திரும்புவதற்கு முன்பே, உடம்பில் சிலிர்ப்பு தொடங்குவதற்கு முன்பே, தானாக வெளியே வந்து, வாசலைத் திறந்தபடியே விட்டுவிட்டு, காட்டோரமாகப் போய் நின்றுகொண்டார். ஆமினா பீவி மகனின் தோளைப் பிடித்து இறங்கி, ஈரமாக இருந்த பாத்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு வேலிப் பக்கம் திரும்பினாள்.

“அது வந்துச்சாங்க?”

“வந்துச்சு.”

“எதத் தின்னுச்சு?”

“ஓரத்து மரவள்ளி கொஞ்சம். பாகல்ல வாய் வைக்க விடல.”

“வெயில்ல நிக்காதீங்க. அந்த மரத்தடிக்குப் போங்க,” என்றாள் அவள்.

அவர் மரத்தடிக்குப் போனார். புதருக்குள் ஏதோ அசைந்தது. கழியைக் கையில் எடுத்துக்கொண்டார்.